தரையில் விரித்த வேட்டி

ஒடுகத்தூர் கடைத்தெருவில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்த ராஜாக்கண்ணு, எழுபத்தெட்டாம் வருஷம் ஐப்பசியில் ஜவ்வாது மலைமேல் ஒரு கல்யாணத்துக்குப் படம் எடுக்கப் போனார். திரும்பி வரும்போது மழை பிடித்துக்கொண்டது. ஓடையைத் தாண்டுகையில் பாறையில் வழுக்கி விழுந்தார். வலது கால் முழங்காலுக்குக் கீழே முறிந்துபோனது.

அந்த வழியாக மாடு ஓட்டிக்கொண்டு வந்த கோபால்சாமிதான் அவரைப் பார்த்தார். தம்பி ரங்கனைக் கூவி அழைத்து, இருவருமாகத் தூக்கித் தங்கள் வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். ஓடையில் வெள்ளம் வடியும்வரை ராஜாக்கண்ணு அங்கேதான் கிடந்தார். கோபால்சாமியின் மனைவி கெங்கம்மாள் காலுக்கு மூங்கில் பத்தை வைத்துக் கட்டினாள். சாமைக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தாள். நனைந்த காமிராவைத் தன் பழைய சேலையில் சுற்றி அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தாள். வலியில் அவர் முனகும்போதெல்லாம் அவளுடைய பிள்ளைகள் கிட்ட வந்து உட்கார்ந்துகொண்டன. வெள்ளம் வடிந்ததும் கயிற்றுக் கட்டிலில் படுக்கவைத்து, ஊர்க்காரர்கள் மாறிமாறித் தோள்கொடுத்து அடிவாரம் வரைக்கும் சுமந்து வந்து வண்டியேற்றி அனுப்பினார்கள்.

ஆஸ்பத்திரியில் போட்ட மாவுக்கட்டைப் பிரித்து ராஜாக்கண்ணு ஊன்றுகோலோடு நடக்க ஆரம்பித்த சமயத்தில், சந்தைக்குப் புளி கொண்டுவந்த கோபால்சாமி ஸ்டூடியோவைத் தேடிக்கொண்டு வந்தார். ராஜாக்கண்ணுவின் மனைவி மணியம்மாள் அவரை உட்காரவைத்துச் சாப்பாடு போட்டாள். எடுத்து வைத்திருந்த வேட்டியையும் சேலையையும் ராஜாக்கண்ணு நீட்டியபோது கோபால்சாமி கூச்சப்பட்டார். வாங்கிக்கொள்ள மனமில்லை. இரண்டையும் பக்கத்தில் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னார்:

"கெங்கம்மா ஒண்ணே ஒண்ணு கேட்டாண்ணே. நீங்க எழுந்து நிக்கிற மாதிரி ஒரு போட்டோ. படுத்துக் கெடந்த ஆளைத்தான் நாங்க பாத்தோம். போட்டோ மாமா நடந்துட்டாரான்னு பசங்க கேட்டுக்கினே இருக்குதுங்க."

அடுத்த சந்தைக்குள் தருகிறேன் என்று ராஜாக்கண்ணு சொல்லிவிட்டார். கோபால்சாமி போன பிறகுதான் யோசித்துப் பார்த்தார். ஊரில் பாதிப்பேரைப் படம் எடுத்தவரிடம் கல்யாணப் படத்தைத் தவிர அவருடைய படம் ஒன்றுகூட இல்லை.

மறுநாளே உட்கார்ந்தார். முக்காலியில் மணியம்மாளை இருத்தி, அவள் முகத்தைப் பார்த்து விளக்குகளை ஒழுங்கு செய்தார். பெரிய விளக்கை இடப்பக்கம் சற்று உயரத்தில் வைத்தார். சின்னதை வலப்பக்கம் தள்ளி, நிழல் கறுத்துவிடாமல் பார்த்துக்கொண்டார். பிறகு அவள் எழுந்துகொள்ள, அதே இடத்தில் தான் உட்கார்ந்தார். காமிராவில் ஒரு சின்னத் திருகு உண்டு. அதை முறுக்கிவிட்டால் வண்டுபோல் இரைந்து ஓடி, முடிகிற நேரத்தில் தானே படம் எடுத்துக்கொள்ளும்.

மார்பளவுப் படம். கழுவி எடுத்துப் பார்த்தபோது மூக்கும் முழியும் துல்லியமாக வந்திருந்தன. மணியம்மாள் கையில் வாங்கிப் பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்குது. ஆனா மாலை போடுற படம் மாதிரி இருக்குதுங்க. அவங்க நிக்கிற படம்தான கேட்டாங்க? காலு எங்க?"

ராஜாக்கண்ணு அந்தப் படத்தைக் கவிழ்த்து வைத்தார்.

நின்ற படத்துக்கு ஸ்டூடியோவின் நீளம் போதவில்லை. காமிராவைக் கடை வாசல்படிவரை பின்னுக்குத் தள்ள வேண்டியிருந்தது. ஏரியும் மாளிகையும் வரைந்த திரையைச் சுருட்டிவிட்டு வெறும் சுண்ணாம்புச் சுவரை எடுத்துக்கொண்டார். அந்தச் சித்திரப் படிக்கட்டுக்கு முன்னால் நின்றால் கால் எது, படி எது என்று குழம்பும். ஆனால் இரண்டு விளக்கும் இடுப்புக்கு மேலேதான் எட்டின. மணியம்மாளைச் சுவரோரம் நிறுத்திப் பார்த்தால் முகம் பளிச்சென்று இருந்தது. கால்கள் கிணற்றுக்குள் நிற்பதுபோல் இருண்டு கிடந்தன. விளக்கைக் கீழே இறக்கினால் கால் தெரிந்தது. முகம் பயமுறுத்தியது.

காலையெல்லாம் விளக்குகளோடு மல்லுக்கட்டினார். மத்தியானம் சாப்பிட்டு வந்தபோது தெருவெயில் வாசல்வழியாக உள்ளே நீண்டு விழுந்திருந்தது. வாசல் திரையை முழுக்க ஒதுக்கினார். கோபால்சாமி வாங்காமல் விட்டுப்போன புது வேட்டியைப் பிரித்து, காமிராவின் பார்வையில் விழாதபடி தரையில் விரித்தார். வெயில் வேட்டியில் பட்டு மேலே எழும்பியது. மணியம்மாளின் பாதத்திலிருந்து முழங்கால்வரை மெதுவான வெளிச்சம் ஏறி நின்றது. பெரிய விளக்கை முகத்துக்கு மட்டும் வைத்துக்கொண்டு சின்னதை அணைத்துவிட்டார். ஆள் நடுவில் நிற்காமல் கொஞ்சம் ஒதுங்கி நிற்கட்டும் என்று சாக்பீஸால் தரையில் ஒரு கோடு போட்டார். பாதத்துக்குக் கீழே நாலு விரல் தரை தெரியும்படி காமிராவைத் தாழ்த்தினார்.

இனி திருகை முறுக்கிவிட்டுப் போய்க் கோட்டில் நிற்க வேண்டியதுதான். அங்கேதான் தடங்கல். வாசலிலிருந்து சுவர்வரை போவதற்குள் காமிரா முந்திக்கொண்டது. முதல் தடவை அவர் முதுகுதான் விழுந்திருக்கும். அடுத்த தடவை கோட்டை எட்டினார், திரும்புவதற்குள் படம் எடுத்துவிட்டது.

"இப்படிக் குடுங்க, நான் அமுக்கறேன்" என்றாள் மணியம்மாள்.

"வேணாம். அவங்க கேட்டது நான் நடந்துட்டேனான்னு. காமிரா எடுக்கறதுக்குள்ள நானே நடந்து போயி நின்னாத்தான் அது உண்மை."

அவள் வற்புறுத்தவில்லை. ஒதுக்கிய வாசல் திரை நடுவில் சரிந்துவிடாமல் பிடித்துக்கொண்டு நின்றாள். ராஜாக்கண்ணு ஊன்றுகோலை மூலையில் சாய்த்தார். அதைப் பிடித்துக்கொண்டு நடப்பதே நேரத்தைத் தின்கிறது என்று அப்போதுதான் பட்டது. திருகை முறுக்கினார். காமிரா இரைய ஆரம்பித்தது. வலது காலை ஊன்றியதும் சுருக்கென்றது, ஆனால் கால் தாங்கியது. தரையில் கிடந்த வேட்டியை மிதிக்காமல் ஒதுங்கிப் போய்க் கோட்டில் நின்றார், திரும்பினார். காமிரா இன்னும் இரைந்துகொண்டிருந்தது. நேரம் மிச்சமிருந்தது. அதை நம்ப முடியாமல் மணியம்மாளைப் பார்த்தார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அந்த நேரத்தில் காமிரா சொடுக்கியது.

படம் நன்றாக வந்தது. பார்வை நேராக இல்லை, வாசல்பக்கம் போயிருந்தது. சட்டைக் காலர் ஒருபக்கம் மடங்கியிருந்தது. வேறு யாருடைய படமாக இருந்தாலும் இன்னொன்று எடுத்திருப்பார். இதைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டார்.

சந்தைவரை காத்திருக்கவில்லை. மணியம்மாளோடு அவரே மலைக்குப் புறப்பட்டார். பஸ் நின்ற இடத்திலிருந்து உட்கார்ந்து உட்கார்ந்து நடந்தார்கள். போய்ச் சேர்ந்தபோது கெங்கம்மாள் முற்றத்தில் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தை வைத்துவிட்டு எழுந்து வந்தவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. காலைத்தான் பார்த்தாள். பிறகு படத்தை வாங்கி, அதிலும் காலைத்தான் முதலில் பார்த்தாள்.

"நேரா கூடிக்கிச்சுண்ணே" என்றாள்.

வழியெல்லாம் அவர் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த நன்றி வார்த்தைகள் ஒன்றும் வாயில் வரவில்லை. "உங்க கட்டுத்தாம்மா" என்றார். மணியம்மாள் கெங்கம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டாள், ரொம்ப நேரம் விடவில்லை.

கோபால்சாமி படத்தை வாங்கிப்போய் வீட்டுக்குள் மாட்டினார். பிள்ளைகள் படத்தையும் ஆளையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, மாமாவை ஓடை வரைக்கும் நடந்து காட்டச் சொன்னார்கள். ராஜாக்கண்ணு எழுந்து அவர்களோடு போனார்.

"சோறு ஆவுது, சீக்கிரம் கூட்டினு வாங்க" என்று கெங்கம்மாள் பின்னாலிருந்து குரல் கொடுத்தாள்.