குளிர் அறைக்குப் போன வேர்

மண்ணையே தொடாத வேரை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள், கண்ணுகளா. இலை கிடையாது, தண்டு கிடையாது, பூ கிடையாது. ஒரு கண்ணாடிக் குடுவை, அதில் சர்க்கரையும் உப்புச் சத்தும் கலந்த தண்ணீர். அதற்குள் வேர் மட்டும் சீப்பில் சிக்கிய முடி மாதிரி சுருண்டு சுருண்டு வளரும். மலைச்செடி ஒன்றின் வேரில் ரத்தக் கொதிப்புக்கு மருந்து இருந்தது. பிடுங்கிப் பிடுங்கி மலையை மொட்டையடித்துவிட்டார்கள். அதனால்தான் இந்த ஏற்பாடு. மண்ணில் இருக்கிற ஒரு கிருமியை எடுத்து இலையின் காயத்தில் தடவினால் அங்கே வேர் முளைக்கும். அதை வெட்டிக் குடுவையில் போட்டால் அது பாட்டுக்கு வளரும்.

அப்படி வேர் வளர்க்கிற கூடத்தில் இரண்டு பெண்கள் வேலை பார்த்தார்கள். அண்ணனைக் கட்டியவள் ஒருத்தி, தம்பியைக் கட்டியவள் ஒருத்தி. ஒரே வீடு, ஒரே மாமியார், ஒரே பஸ். மூத்தவள்தான் இளையவளுக்கு அந்த வேலையை வாங்கிக் கொடுத்தாள். இடுக்கியை நெருப்பில் காட்டி ஆறவைப்பது, வேர்நுனியை நசுங்காமல் வெட்டுவது, மூடியைத் திறக்கும்போது மூச்சை அடக்குவது, எல்லாம் இவள் சொல்லிக் கொடுத்ததுதான்.

சொல்லிக் கொடுத்தவளுக்குக் கொஞ்ச நாளிலேயே வயிறு எரிய ஆரம்பித்தது. இளையவள் கை பட்ட குடுவையில் பூஞ்சை பிடிப்பதில்லை. இளையவள் போட்ட டீயை மாமியார் கடைசிச் சொட்டுவரை குடிப்பார். மூத்தவள் போட்டால், "வை, ஆறட்டும்." ஆறியபிறகு செடிக்கு ஊற்றிவிடுவார். அந்தச் செடியும் பட்டுப்போனது. அதற்கும் ஒரு பேச்சு வந்தது.

அந்தச் சமயத்தில்தான் கூடத்துக்குப் பெரிய டேங்க் ஒன்று வந்து இறங்கியது. ஆள் உயரம், பளபளவென்று எஃகு. கூடத்தின் தலைவி டாக்டரம்மா இரண்டு பேரையும் கூப்பிட்டு ஒரே இலையை இரண்டாக நறுக்கி ஆளுக்குப் பாதி கொடுத்தார்.

"அவங்கவங்க வேரை அவங்கவங்க வளருங்க. எதுல மருந்து அதிகமோ அது டேங்குக்குள்ள போகும். வளர்த்தவங்க கையில டேங்க்."

டேங்க் கையில் வந்தால் தனி அறை, கீழே நாலு ஆள். மூத்தவள் அன்றைக்கே மனதில் அந்த அறையில் தன் பையை மாட்டிவிட்டாள்.

குடுவைகள் எல்லாம் ஷேக்கர் என்கிற ஆட்டும் மேசையில் வெதுவெதுப்பான அறைக்குள் இருக்கும். மேசை ஆட ஆடத்தான் வேருக்குக் காற்று. மூத்தவளின் வேரும் நன்றாகத்தான் வந்தது. ஆனால் இளையவளின் வேர் ஒரு படி முந்திக்கொண்டு குடுவையின் கழுத்தை எட்டிப் பார்த்தது.

"என்னக்கா, என்னோடது வெளிய வந்து டீ கேக்கும்போல இருக்கே?" என்று இளையவள் சிரித்தாள். கள்ளமில்லாத சிரிப்பு. அதுதான் மூத்தவளால் தாங்க முடியவில்லை. கள்ளம் இருந்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

கூடத்தின் சாவி மூத்தவளிடம். காலையில் முதலில் வருவதும் சாயங்காலம் கடைசியில் பூட்டுவதும் அவள்தான். இளையவள் கீழே வாசலில் காத்திருக்கும் நேரத்தில் அவளுடைய குடுவைகளை மட்டும் ஷேக்கரிலிருந்து கழற்றி, தட்டில் அடுக்கி, பக்கத்துக் குளிர் அறையில் கொண்டுபோய் வைப்பாள். காலையில் யாரும் வருமுன் பழைய இடத்தில் மாட்டிவிடுவாள். கொல்லவில்லை, ஊற்றவில்லை, உடைக்கவில்லை. கொஞ்சம் நடுங்கட்டுமே என்றுதான்.

தட்டு கனம். தூக்கித் தூக்கி மணிக்கட்டு வீங்கிவிட்டது. வீட்டில் பாத்திரம் தேய்த்ததில் பிசகிவிட்டது என்றாள். இளையவள் தைலத்தை எடுத்துவந்து அவள் கையை மடியில் வைத்துக்கொண்டு தேய்த்துவிட்டாள்.

"நாளைலேர்ந்து பாத்திரம் நான் பாத்துக்கறேன். நீங்க கையை ஆட்டாதீங்க."

மாமியார் உள்ளேயிருந்து, "பாரு, சின்னவளுக்கு எவ்வளவு மனசுன்னு" என்றார். மூத்தவளுக்குக் கை வலி போய் நெஞ்சு வலி வந்தது. நல்லவளாக இருப்பதில்கூட இவள் முந்திக்கொள்ள வேண்டுமா?

குளிர் தன் வேலையைச் செய்தது. இளையவளின் வேர் சோர்ந்தது. வெள்ளை போய்ப் பழுப்பேறி, பழைய துடைப்பம் மாதிரி ஆனது. மூத்தவளின் குடுவையிலோ பஞ்சு அடைத்ததுபோல் வேர். எடை போட்ட அன்று இளையவள் தலையைக் குனிந்துகொண்டாள். அன்றைக்கு மூத்தவள் அவளுக்குத் தன் டப்பாவிலிருந்து சாப்பாடு எடுத்துப் போட்டாள். ஜெயித்தவளுக்குத் தாராளம் தானாக வந்துவிடுகிறது.

மறுநாள் மருந்தளவைப் பார்த்துவிட்டு டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தார். மூத்தவளின் கொழுத்த வேரில் மருந்து பெயருக்குத்தான் இருந்தது. அந்தத் துடைப்பத்தில் அதைப்போலப் பல மடங்கு.

"என்னம்மா பண்ணின?" என்று இளையவளைக் கேட்டார்.

"ஒண்ணும் பண்ணலையே மேடம். அது வாடிப்போச்சுன்னு ராத்திரியெல்லாம் கவலைப்பட்டேன், அவ்வளவுதான்."

டேங்க் இளையவள் கைக்குப் போனது. அவள் தன் வேரிலிருந்து புது நுனிகளை வெட்டி அதில் போட்டாள். சாவியும் அவளுக்கே போனது. இந்த முறை குளிர் அறை கிடையாது. வேர் வெள்ளைவெளேரென்று டேங்க் முழுக்க வளர்ந்தது. சோதித்தால் மருந்து இல்லை.

இனி மாட்டிக்கொள்வாள் என்று மூத்தவள் காத்திருந்தாள். எங்கே? டாக்டரம்மா திட்டவில்லை.

"உனக்குக் கைராசி இருக்கு. ஒரு தடவை வந்தது மறுபடியும் வரும். திரும்பப் போடு."

வீட்டில் இளையவள் அதைச் சொன்னாள். மாமியார் அவள் உள்ளங்கையை இழுத்துப் பார்த்து, "எனக்கு அப்பவே தெரியும், இந்தக் கை சாதாரணக் கை இல்லை" என்றார். மூத்தவளின் புருஷன் வேறு சும்மா இருக்காமல், "ஏன்டி, நீயும் அந்தக் கையைக் கொஞ்சம் தொட்டுக்கோயேன்" என்றான்.

மூத்தவள் அன்று சரியாகச் சாப்பிடவில்லை. வீங்கியது யார் கை? தூக்கிச் சுமந்தது யார்? அந்த மருந்தைச் சுரக்க வைத்தவள் இவள். பேர் மட்டும் அவளுக்கு. வாயைத் திறந்தால் வேலை போகும், வீட்டில் முகம் போகும். திறக்காவிட்டால் அந்தக் கைராசிப் பேச்சைச் சாகும்வரை கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். இரண்டில் எது தாங்கும் என்று புரண்டு புரண்டு யோசித்தாள். மனசாட்சி உறுத்தியது என்று சொல்ல எனக்கும் ஆசைதான் கண்ணுகளா. ஆனால் உறுத்தியது அது இல்லை.

காலையில் டாக்டரம்மாவின் அறைக்குப் போனாள். இளையவளும் அங்கே நின்றிருந்தாள். பரவாயில்லை, கேட்கட்டும் என்று இருந்தது இவளுக்கு.

"அது அவ கைராசி இல்லை மேடம். என் கை. தினம் சாயங்காலம் அவ குடுவையைக் குளிர் அறையில வச்சேன். காலையில எடுத்து மாட்டினேன்."

"எதுக்கு?"

"அது வளரக்கூடாதுன்னு."

டாக்டரம்மா எழுந்து ஜன்னல் பக்கம் போய்விட்டு வந்தார்.

"வேர் நமக்காகவா மருந்து சுரக்குது? தனக்கு ஆபத்துன்னாதான் சுரக்கும். இதமா வச்சா கொழுக்கும், அவ்வளவுதான். குளிர்ல விட்டுப் பார்க்கணும்னு எனக்குத் தோணாமப் போச்சு." அப்புறம் குரல் மாறியது. "இதை வச்சு உனக்குப் பாராட்டுக் கிடைக்கும்னு நினைக்காத. நீ பண்ணினது பாவம். வேலையில வச்சுக்கறதும் அனுப்பறதும், அவ சொல்லட்டும்."

இளையவள் அழவில்லை. மூத்தவளின் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் தைலம் தேச்சது இந்தக் கைக்குத்தானே?" என்றாள்.

மூத்தவள் தலையாட்டினாள்.

"இருக்கட்டும் மேடம். போக வேண்டாம். டேங்க்ல எனக்குக் கீழ இருக்கட்டும்."

அன்று பஸ்ஸில் இளையவள் முன்னால் போய் உட்கார்ந்துகொண்டாள். வீட்டில் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பாத்திரத்தை மட்டும் தேய்க்காமல் விட்டுவிட்டாள்.

டேங்கில் வேர் மறுபடியும் நிறைந்தது. பார்க்கவே ஆசையாக இருந்தது, வெண்ணுரை மாதிரி. டேங்கின் வெளிச்சுவருக்குள் குளிர்ந்த தண்ணீரை விட ஒரு திருகு உண்டு. டாக்டரம்மாவும் நாலு ஆட்களும் நிற்க, இளையவள் அதன் பக்கத்தில் போனாள். கை வைக்காமல் திரும்பினாள்.

"நீங்களே திருகுங்க. எனக்கு இதை வளர்க்கத்தான் தெரியும். வாட்டறதுக்கு உங்களுக்குத்தான் மனசு வரும்."

அக்கா என்ற சொல் அதில் இல்லை. மூத்தவள் அதைத் தேடிப் பார்த்துவிட்டுத்தான் முன்னால் வந்தாள். புதுத் திருகு, இறுக்கமாக இருந்தது. மணிக்கட்டு சுளீரென்றது. பல்லைக் கடித்துக்கொண்டாள். இளையவள் அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டு டேங்கின் வெப்பமானியைப் பார்க்கத் திரும்பிக்கொண்டாள்.

எஃகுச் சுவருக்குள் தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டது. மூத்தவள் சின்னக் கண்ணாடித் துளை வழியாக உள்ளே பார்த்தாள். அத்தனை வேரும் இன்னும் வெள்ளையாக, ஒன்றும் தெரியாமல் மிதந்துகொண்டிருந்தது. எவ்வளவு அழகாக வளர்த்திருக்கிறாள் என்று நினைத்தாள். வயிறு பழையபடியே எரிந்தது.

"இன்னும் கொஞ்சம் திருகுங்க" என்றாள் இளையவள்.

திருகினாள்.