கட்டத்துக்குள் நின்றவள்

மொட்டைக் கடுதாசி எழுதுகிறவர்களுக்கு ஒரு நப்பாசை உண்டு. பெயரைப் போடாவிட்டால் தன்னை யாரும் கண்டுபிடிக்க முடியாது என்று நினைத்துக்கொள்வார்கள். கல்லூரிப் பெண்கள் ஹாக்கி அணியின் தலைமைப் பயிற்சியாளரோ எழுதியவளை மூன்றாவது வரியிலேயே பிடித்துவிட்டாள். முதல்வர் கொடுத்த நகலை வராந்தாவில் நின்றபடியே படித்து, நான்காக மடித்துக் கால்சட்டைப் பையில் செருகிக்கொண்டு, "மாட்டினியாடி" என்று முணுமுணுத்தாள்.

பத்தொன்பது வருஷச் சர்வீஸ். அவள் வந்த புதிதில் மைதானம் என்று இருந்தது செம்மண்ணும் நெருஞ்சி முள்ளும்தான். இன்றைக்கு நீல நிறத்தில் செயற்கைப் புல்தரை, அதை நனைக்க எட்டுக் குழாய்கள், கோப்பைகளை வைக்க இடமில்லாமல் கல்லூரி நூலகம் வரை போன அலமாரிகள். எல்லாம் அவள் தொண்டை கிழியக் கத்திச் சம்பாதித்தது. மாணவிகள் அவளுக்கு வைத்த பட்டப்பெயர் சீமெண்ணெய். எப்போது பற்றிக்கொள்ளும் என்று தெரியாதாம். அந்தப் பெயர் அவள் காதுக்கும் எட்டியிருந்தது. உள்ளூரப் பிடித்தும் இருந்தது. அவளும் பதிலுக்கு ஒவ்வொருத்திக்கும் ஒரு பெயர் வைத்திருந்தாள். ஒன்றுகூட அன்பில் வைத்ததில்லை.

அடுத்த ஐந்து வருஷத்துக்கான ஒப்பந்தம் திங்கட்கிழமை கையெழுத்தாக வேண்டும். கடிதம் வந்தது புதன்கிழமை. விசாரணை வெள்ளிக்கிழமை. ஒப்பந்தம் நழுவினால் அவளுக்குப் போக வேறு இடமில்லை. இந்த வயதில் எந்தக் கல்லூரி புதிதாக எடுக்கும்?

கடிதத்தில் இருந்தது இதுதான். ஒட்டடைக்குச்சி என்று பயிற்சியாளர் அழைக்கும் மாணவி, உடைமாற்றும் அறையில் வழுக்கி விழவில்லை. எல்லோரும் போனபின் நடந்த பெனால்டி கார்னர் பயிற்சியில், கட்டத்துக்குள் கோல் கம்பத்தை ஒட்டி அவள் நிறுத்தப்பட்டாள். அவள் போட்டிருந்த முகமூடி பிடுங்கப்பட்டது. அடுத்த பந்தில் தாடை உடைந்தது.

பொய்யா என்றால், ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை. பெனால்டி கார்னரில் பந்து முகத்துக்கு நேராகப் பறந்து வரும் என்பதால்தான் கம்பத்தருகே நிற்பவர்களுக்கு முகமூடியே கொடுக்கிறார்கள். அந்த நெட்டைப் பெண் பந்து வரும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொண்டாள். 'பயம் போகணும்னா முதல்ல முகமூடி போகணும்' என்று சொல்லிக் கழற்றியது பயிற்சியாளர்தான். பந்தைச் சுழற்றி அடித்ததும் அவளேதான். பிறகு மருத்துவமனை வாசலில் வைத்து, வழுக்கி விழுந்ததாகச் சொன்னால் அணியில் இடம் இருக்கும் என்றாள். அந்தப் பெண்ணும் வீங்கிய வாயோடு தலையாட்டி, கேட்ட இடத்தில் கையெழுத்தும் போட்டாள்.

ஆனால் அதெல்லாம் இப்போது அவள் மண்டையில் ஓடவில்லை. மண்டை முழுக்க அந்த ஒரு சொல்தான்: கட்டம்.

கோலுக்கு முன்னால் வெள்ளைக் கோடு போட்ட அரைவட்டத்தை ஹாக்கி ஆடுகிறவர்கள் அத்தனை பேரும் 'டி' என்றுதான் சொல்வார்கள். கட்டம் என்று சொல்வது அவள் வாழ்க்கைப்பட்ட வீட்டில் மட்டும்தான். அவள் கணவனும் அவன் தங்கையும் சின்ன வயதில் மொட்டைமாடியில் ஆடியபோது, வட்டம் போட வராமல் கரித்துண்டால் சதுரம் போட்டுப் பழகினார்களாம். கணவன் முழங்கால் போனதோடு மட்டையைத் தூக்கிப் போட்டுவிட்டு மூக்குக்கண்ணாடிக் கடை வைத்துவிட்டான்; ஹாக்கி என்று அவன் வாய் திறந்தே வருஷக்கணக்காகிறது. தங்கை விடவில்லை. அவளைக் கையைப் பிடித்து அழைத்துவந்து உதவிப் பயிற்சியாளர் நாற்காலியில் உட்காரவைத்தது அண்ணிதான். அந்த நன்றிக்குத்தான் இந்தக் கடிதம் என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வியாழக்கிழமை காலை மைதானத்தில் நாத்தனார் பந்துக்கூடையோடு வந்து நின்றாள்.

"கட்டத்துல நாலு பேரை நிறுத்தட்டுமா அண்ணி?"

"'டி'ன்னு சொல்லு. பதினஞ்சு வருஷமா சொல்றேன், மண்டையில ஏறலையா? அப்புறம், மைதானத்துல அண்ணி கிண்ணின்னு உறவு கொண்டாடாதே."

"சரிங்க மேடம்" என்றாள் நாத்தனார், அந்த மேடத்தில் ஒரு படி உப்பைப் போட்டு. பெண்கள் காலணிக் கயிற்றைக் கட்டுகிற மாதிரி குனிந்துகொண்டார்கள். அன்று முழுக்க இருவரும் பேசிக்கொண்டது விசிலில்தான்.

வெள்ளிக்கிழமை முதல்வர் அறையில் நீள மேசை. நடுவில் முதல்வர். ஒரு பக்கம் குறிப்பெழுத வேதியியல் பேராசிரியை. எதிரில் அண்ணியும் நாத்தனாரும், நடுவில் ஒரு காலி நாற்காலி விட்டு. முதல்வருக்கு இந்தத் தலைவலி சீக்கிரம் ஒழிந்தால் போதும்.

"கடிதத்துல பேர் இல்ல, கையெழுத்து இல்ல" என்றார். "இந்த மாதிரிக் கடிதத்து மேல நடவடிக்கை எடுக்கிற வழக்கம் இல்ல. அந்த மாணவியும் வழுக்கி விழுந்ததாத்தான் எழுதிக் கொடுத்திருக்கா. ஃபைலை மூடிடறேன். நீங்க ஏதாவது சொல்லணுமா மேடம்?"

ஒன்றுமில்லை சார் என்று சொல்லிவிட்டு எழுந்திருந்தால் திங்கட்கிழமை கையெழுத்து. பச்சைக் குழந்தைக்கும் புரியும். ஆனால் சீமெண்ணெய்க்கு யார் புரியவைப்பது.

"மூடுங்க சார். அதுக்கு முன்னால எழுதினது யாருன்னு நீங்க தெரிஞ்சுக்கணும். எனக்கு முதுகுல குத்தின ஆளை வெச்சுக்கிட்டு நான் இன்னும் அஞ்சு வருஷம் ஓட்ட முடியாது."

"விடுங்க மேடம்."

"விட முடியாது சார். டியைக் கட்டம்னு சொல்ற வாய் இந்தக் காலேஜ்ல ஒண்ணே ஒண்ணுதான். இதோ பக்கத்துல உட்கார்ந்திருக்கு. என் நாற்காலி மேல கண்ணு."

நாத்தனார் நிதானமாகத் திரும்பினாள். "நான் எழுதலை."

"வேற யாரு எழுதியிருக்க முடியும்? அன்னைக்கு மைதானத்துல நம்ம மூணு பேர்தானே இருந்தோம். அவ பேச முடியாமக் கிடந்தா. நான் எழுதலை. முகமூடியைக் கழட்டினது உன்னைத் தவிர வேற எவளுக்குத் தெரியும்?"

பேராசிரியையின் பேனா நின்றது.

"எதைக் கழட்டினது?" என்று கேட்டார் அவர்.

அண்ணி சொன்னது அவள் காதுக்கே அப்போதுதான் போய்ச் சேர்ந்தது. எதையாவது சொல்லிச் சமாளிக்க வாயைத் திறந்தாள். முதல்வர் கையைக் காட்டி நிறுத்திவிட்டு, நாத்தனாரைப் பார்த்தார்.

"நீங்க அங்க இருந்தீங்களா?"

"இருந்தேன் சார். நான்தான் பின்கோட்டுலேர்ந்து பந்தைத் தள்ளிக் கொடுத்தேன். வேண்டாம்னு ஒரு தடவை சொன்னேன். வாயை மூடுன்னாங்க, மூடிக்கிட்டேன். அதுக்கு என்ன தண்டனையோ எனக்கும் குடுங்க." பிறகு அண்ணியைப் பார்த்துச் சொன்னாள்: "எனக்கு உங்களைப் பிடிக்காது. இன்னைக்கு நேத்து இல்ல, உங்க கல்யாணத்தன்னைக்கே பிடிக்காது. எழுதியிருந்தா கொட்டை எழுத்துல பேர் போட்டுத்தான் எழுதியிருப்பேன். கட்டம்னு சொல்ற இன்னொரு ஆள் உங்க வீட்டுலதான் இருக்கு. நடந்ததை அங்க நீங்க சொல்லவே இல்லையா?"

சொல்லியிருந்தாள். அன்று இரவே, தட்டில் கை வைத்துக்கொண்டே சொல்லியிருந்தாள்.

பகல் பன்னிரண்டு மணிக்கு வேலைநீக்க உத்தரவு கைக்கு வந்தது. மைதானச் சாவிக்கொத்தை எழுத்தர் கேட்டு வாங்கிக்கொண்டார். பத்தொன்பது வருஷத்துக்கு ஒரு அட்டைப்பெட்டிகூடத் தேவைப்படவில்லை. கழுத்து விசிலோடு தெருவில் இறங்கி, வெயிலில் கண்ணாடிக் கடைவரை நடந்தே போனாள்.

கணவன் ஒரு பழைய ஃபிரேமின் காதுப்பக்கத்துக் குட்டி ஆணியை முடுக்கிக்கொண்டிருந்தான்.

"நீங்கதானா?"

"ஆமா" என்றான். தலையைத் தூக்கவில்லை.

"வேலை போயிடுச்சு. சந்தோஷமா?"

கை நின்றது. "எப்படிப் போச்சு? பேர் போடலையே நான். போட்டா உன் வேலை போயிடும்னுதானே போடாம விட்டேன். குப்பையில போட்டுடுவாங்க, நீ மட்டும் படிப்பே, படிச்சுட்டு ஒரு தடவை அந்தப் பொண்ணைப் போய்ப் பார்ப்பேன்னு நினைச்சேன்."

"போட்டு உடைச்சது நான்தான்" என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. வந்தது வேறு.

"கூடப் படுத்து எந்திரிக்கிற மனுஷன் கடுதாசி போடறதா? மூஞ்சிக்கு நேராக் கேட்க வாய் இல்லையா உங்களுக்கு?"

"கேட்டேனே. அன்னைக்குச் சாப்பிடும்போதே கேட்டேன், அந்தப் பொண்ணுக்கு இப்ப எப்படி இருக்குன்னு."

"நான் என்ன சொன்னேன்?"

அவன் ஃபிரேமைத் துணியால் துடைத்து, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்து, மேசையில் வைத்தான்.

"கம்பத்துக்கு வேற ஆள் பார்க்கணும்னு சொன்னே" என்றான்.