லேசான ஸ்பிரிங்

கோளாறு துப்பாக்கியில் இல்லை, கௌஸ் முகம்மதுவின் கையில்தான் இருக்கிறது என்பது வீரபாண்டிக்கு முதல் நாளே தெரிந்துவிட்டது. தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை. ஸ்பிரிங் தேய்ந்துபோய்விட்டது என்று கூசாமல் ஒரு பொய்யைச் சொன்னான். அந்த ஒரு பொய்யைக் காப்பாற்ற இரண்டரை வருஷம் படாத பாடுபட்டான்.

வீரபாண்டி கமுதிப் பக்கத்து ஆள். ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்து, அரபுநாட்டில் ருவைஸ் எண்ணெய் ஆலையில் காண்ட்ராக்ட் வேலைக்கு வந்து, வால்வும் பம்புமாக ஆறு வருஷம் மல்லுக்கட்டியவன். வேலை சுத்தமாக இருக்கும் என்று யாரோ கைகாட்ட, துபாய்க்கு வெளியே பாலைவன ரோட்டில் இருந்த ஒரு துப்பாக்கி சுடும் கிளப்பில் ஆர்மரர் வேலை கிடைத்தது. பெயர்தான் பெரிது. துப்பாக்கி ரிப்பேர்காரன், அவ்வளவுதான். ஊரில் உண்மையைச் சொன்னால் மாமனார் மீசையை முறுக்கிக்கொண்டு தெருத் தெருவாகத் தம்பட்டம் அடிப்பார் என்று பயந்து, மெஷின் கம்பெனி என்றே மனைவி ஜோதிமணியிடம்கூடச் சொல்லிவைத்திருந்தான்.

சம்பளத்துக்குக் குறைவில்லை. பேச்சுத்துணைக்குத்தான் பஞ்சம். ஜன்னல் இல்லாத அறை, இரும்புக் கதவு. உள்ளே நுழையும்போதே போனை வாங்கி லாக்கரில் பூட்டிவிடுவார்கள். துப்பாக்கியை வாங்கவும் கொடுக்கவும் சுவரில் ஒரு முழ அகலத்துக்குத் திறப்பு. அதன் வழியாக வருகிற கைகளைத்தான் அவனுக்குத் தெரியும், முகங்களைத் தெரியாது. "பாய், ஜல்தி" என்று ஒரு குரல் வரும். வேலை முடித்துக் கொடுத்தால் "கலாஸ்?", முடிந்ததா என்று அரபியில் கேட்டுவிட்டுப் போய்விடும். சாயங்காலம் ஜெபல் அலி கேம்புக்குத் திரும்பினால், ரூமில் இருக்கிற ஐந்து பேரும் ஷிப்ட் மாறி மாறித் தூங்கிக்கொண்டிருப்பார்கள். ஒரு மனுஷன் நாள் முழுக்க வாயை மூடிக்கொண்டு இருந்தால் என்ன ஆவான் என்று வெளியில் இருப்பவர்களுக்குப் புரியாது.

சனிக்கிழமை காலையில் மட்டும் அந்தத் திறப்பில் ஒரு முகம் குனிந்து எட்டிப் பார்க்கும்.

"மாப்ள, உள்ளதான் இருக்கியா? இல்ல, உன்னையும் சேத்து லாக்கர்ல வச்சுப் பூட்டிட்டாங்களா?"

கௌஸ் முகம்மது கீழக்கரைக்காரர். ஜெபல் அலியில் கப்பல்களுக்குக் கயிறும் தார்ப்பாயும் விற்று முப்பத்தைந்து வருஷம் கடை நடத்தியவர். இப்போது கடையை மகன் ஃபவாஸ் பார்த்துக்கொள்கிறான். அவர்கள் இருவரின் ஊர்ப் பக்கத்தில் இந்து, முஸ்லிம் என்று பார்க்காமல் மாமன் மாப்பிள்ளை என்று கூப்பிட்டுக்கொள்வது வழக்கம். அந்த வழக்கத்தில் வீரபாண்டிக்கு அவர் மாமா. அவன் அவருக்கு மாப்பிள்ளை. கிளப்பில் அவர் பழைய மெம்பர். எப்போது வந்தாலும் ஒரே துப்பாக்கியைத்தான் கேட்பார். நூறு வருஷத்துக்கு முன்னால் அமெரிக்காவில் வடிவமைத்த பழைய மாடல் பிஸ்டல் அது. கனத்த இரும்பு, கட்டை விரலுக்குப் பக்கத்தில் வெளியே தெரியும் சுத்தி. கிளப்பில் எத்தனையோ புதுசு இருக்க, இந்தக் கிழத்தை எடுத்துக்கொண்டுதான் பத்துக்கு எட்டு, ஒன்பது என்று அடிப்பார். அடித்து முடித்ததும் வீரபாண்டியின் டீ நேரத்துக்குக் காத்திருப்பார். வராந்தா பெஞ்சில் இரண்டு பேரும் அரை மணி நேரம் ஊர்க்கதை பேசுவார்கள். அவர் மனைவி ஜுலைஹா பீவி கொடுத்தனுப்பிய தொதல் அல்வா நடுவில் இருக்கும்.

இரண்டரை வருஷத்துக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை அந்தப் பிஸ்டலைத் திறப்பின் வழியாக நீட்டினார்.

"ஸ்லைடு இறுகிப்போச்சு மாப்ள. ரெண்டு தடவ இழுத்தேன், வழுக்கிருச்சு. என்னன்னு பாரு."

ஸ்லைடு என்பது பிஸ்டலின் மேல்பாகம். முதல் குண்டு ஏறுவதற்கு அதைப் பின்னால் இழுத்துவிட வேண்டும். உள்ளே இருக்கும் ஸ்பிரிங் அதைத் திரும்ப முன்னால் தள்ளும். வீரபாண்டி இழுத்துப் பார்த்தான். வழுவழுவென்று வந்தது. ஸ்பிரிங்கைக் கழற்றி அளந்தான். புதுசுக்கும் அதற்கும் மயிரிழை வித்தியாசம் இல்லை. சொல்லலாம் என்று நிமிர்ந்தவன், திறப்பில் ஊன்றியிருந்த அவருடைய வலது கையைப் பார்த்தான். கயிற்றுக் கட்டுகளைத் தூக்கித் தூக்கி முண்டும் முடிச்சுமாக இருந்த கை. கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையில் சதை வற்றிப் பள்ளம் விழுந்திருந்தது.

"ஸ்பிரிங் தேஞ்சுபோச்சு மாமா. மாத்தித் தாரேன்."

பதினாறு பவுண்டு ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு, இழுக்க லேசான பதினான்கு பவுண்டு ஸ்பிரிங் போட்டுக் கொடுத்தான். அடுத்த வாரம் கௌஸ் முகம்மது சிரித்துக்கொண்டே வந்தார். "உன் கையில மந்திரம் இருக்கு மாப்ள. வெண்ணெய் மாதிரி வருது" என்றார். வீரபாண்டிக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

அதன் பிறகு நான்கைந்து மாதத்துக்கு ஒரு தடவை துப்பாக்கி 'இறுகியது'. பதினான்கு பன்னிரண்டானது. சுத்தியை உந்துகிற ஸ்பிரிங்கையும் லேசாக மாற்றினான். ஸ்லைடின் முன்பக்கம் விரல் பிடிப்புக்கு வரிவரியாகக் கோடு வெட்டினான். சேஃப்டி குமிழை அகலமான புதுக் குமிழாகப் போட்டான். மரக் கைப்பிடியைக் கழற்றிவிட்டு ரப்பர் கைப்பிடி பூட்டினான். ஒவ்வொன்றுக்கும் ஜாப் கார்டில் 'தேய்மானம், பாகம் மாற்றம்' என்று எழுதி மேனேஜரிடம் கையெழுத்து வாங்கினான். பழைய பிஸ்டலை மேம்படுத்துகிறான் என்று மேனேஜருக்கே பெருமை. குண்டு அடைக்கக் கட்டை விரலுக்கு வலுவில்லாமல் போனபோது, மேகஸினைத் தானே நிரப்பிக் கொடுக்க ஆரம்பித்தான். "உங்களுக்கு மட்டும் ஸ்பெஷல் சர்வீஸ் மாமா" என்றான்.

வேலை என்னவோ அருமையான வேலை. அவன் கையில் அவ்வளவு நுணுக்கமான வேலை அதற்கு முன்னால் நடந்ததில்லை. அந்தத் திறமையை நினைத்துத்தான் இப்போது அவன் தன்னைத் திட்டிக்கொள்கிறான்.

ஒன்றரை வருஷம் ஆனபோது ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், லீவில் கேம்பில் இருந்த அவனுக்குப் போன் வந்தது.

"வீரபாண்டி, நான் ஜுலைஹா மாமி பேசுறேன்ப்பா. உங்க மாமாவுக்குச் சட்டப் பட்டன் போட வரமாட்டேங்குது. டம்ளர் நழுவுது. டாக்டர்கிட்டப் போவோம்னு கெஞ்சுறேன். பிஸ்டல் பிடிக்கிற கையில என்னடி கோளாறு, போன வாரம்கூடப் பத்துக்கு எட்டு அடிச்சேன்னு சொல்றாக. இறுகுறது பிஸ்டல்தானாம், நீயே சொன்னியாம். நீ வேலை தெரிஞ்சவன். நெசமாவே பிஸ்டல்தானா?"

கேட்டது ஒரே ஒரு கேள்வி. இல்லை மாமி என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்?

"ஆமா மாமி. ரொம்பப் பழைய சாமான். அப்படித்தான் இருக்கும்."

"அல்ஹம்துலில்லாஹ். நான்தான் கெடந்து பயந்துட்டேன்" என்று அவர் போனை வைத்தார்.

அதற்கு மேலும் ஒரு வருஷம் ஓடியது. ஸ்பிரிங் பத்து பவுண்டுக்கு வந்து நின்றது. அதற்கும் கீழே போனால் ஸ்லைடு முழுசாக மூடாது. இனி மாற்றுவதற்கு எதுவும் இல்லை என்று வீரபாண்டி உள்ளே உட்கார்ந்து தலையைச் சொறிந்துகொண்டிருந்த ஒரு சனிக்கிழமையில், சுடுவதற்குக் கையை உயர்த்திய கௌஸ் முகம்மதுவின் பிடியிலிருந்து பிஸ்டல் நழுவித் தரையில் விழுந்தது. நல்லவேளை, வெடிக்கவில்லை. சுடும் ரேஞ்சே ஸ்தம்பித்துப்போனது. அவர் தன் கையைப் பார்க்கவில்லை. "கைப்பிடி வழுக்குது, வீரபாண்டிகிட்டச் சொல்லணும்" என்று சத்தமாகச் சொல்லிவிட்டு நடந்தவர், வாசல் படியில் கால் தடுக்கி விழுந்தார். தூக்கிவிட்டால் நிற்க முடியவில்லை. ஃபவாஸ் வந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான்.

பத்து நாள் கழித்து, மெம்பர்ஷிப்பை நிறுத்த ஃபவாஸ் கிளப்புக்கு வந்தான். வராந்தாவில் வீரபாண்டியைப் பிடித்துக்கொண்டான்.

"கழுத்துல எலும்பு வளர்ந்து நரம்பை அமுக்கியிருக்குண்ணா. சர்ஜரி பண்ணிட்டாங்க. இனிமே வொர்ஸ் ஆகாது, ஆனா போனது போனதுதானாம். ரெண்டு வருஷம் முன்னாடி ஸ்கேன் எடுத்திருந்தா கையைக் காப்பாத்தியிருக்கலாம்னு டாக்டர் திட்டுறார். வாப்பாவோட பிடிவாதம்." அவன் வீரபாண்டியின் தோளைத் தொட்டான். "நீங்க ஒருத்தர்தான் அவங்களுக்கு நல்ல கம்பெனி. தேங்க்ஸ்ணா."

வீரபாண்டி தலையாட்டினான். உள்ளே போய் இரும்புக் கதவைச் சாத்திக்கொண்டு வாய்விட்டு அழுதான். அன்று மட்டும் அந்த அறைக்கு ஜன்னல் இல்லாதது நல்லதாகப் போயிற்று.

மூன்று மாதம் கழித்து, கழுத்தில் பட்டையோடு கௌஸ் முகம்மது வந்தார். பக்கத்தில் ஜுலைஹா பீவி, அவருடைய முழங்கையைப் பிடித்தபடி. முகம் குனிந்து எட்டிப் பார்க்க முடியாததால் குரல் மட்டும் வந்தது.

"மாப்ள, வெளிய வா. அடுத்தது என்ன பாகம் மாத்தப்போற? டாக்டர் கதைய நம்பாத. நீ ஏதாவது செஞ்சு குடுத்தா நான் மறுபடி அடிப்பேன்."

வீரபாண்டி வெளியே வந்தான். மாமா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். வலது கை மடியில் கிடந்தது. விரல்கள் பாதி மடங்கியபடி இருந்தன. அந்தக் கையைப் பார்த்த பிறகு அவனால் உட்கார முடியவில்லை.

"மாமா, ஸ்பிரிங் எதுவும் தேயல. முதல் தடவையே தேயல. உங்க கைதான்னு எனக்கு அன்னைக்கே தெரியும்."

கௌஸ் முகம்மது சிரித்தார். ஏதோ கேலி என்று நினைத்துக்கொண்டார் போல. பிறகு அவனுடைய முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார்.

"நான் போன்ல கேட்டேனேப்பா," என்றார் ஜுலைஹா பீவி. "நெசமாவே பிஸ்டல்தானான்னு கேட்டேனே."

"கேட்டீங்க மாமி."

"ஏன் சொல்லல?" என்று கேட்டார் கௌஸ் முகம்மது. குரலில் கோபமே இல்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்று கேட்டார்.

உங்கள் மனசு நோகுமே என்றுதான் மாமா என்ற பதிலை வீரபாண்டி மூன்று மாதமாகத் தயார் செய்துவைத்திருந்தான். கேட்பதற்கு நன்றாக இருக்கும். அவர் மன்னித்தும் விடுவார். ஆனால் அது பாதிதான் உண்மை. பார்வை மங்கிவிட்டது என்று சொல்லப்பட்ட ஒரு மெம்பர் அதற்கப்புறம் கிளப் பக்கமே தலைவைத்துப் படுக்காததை அவன் பார்த்திருந்தான்.

"சொன்னா நீங்க சுடுறத விட்டுருவீங்க. சுடுறத விட்டா இங்க வரமாட்டீங்க. இந்த ஊர்ல எனக்குப் பேச வேற ஆள் இல்ல மாமா."

உள்ளே ரேஞ்சில் யாரோ சுட்டுக்கொண்டிருந்தார்கள். ஜுலைஹா பீவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வேறு பக்கம் திரும்பிவிட்டார். கௌஸ் முகம்மது மடியில் கிடந்த கையை இடது கையால் எடுத்துப் பெஞ்சின் மேல் வைத்தார்.

"போடா கிறுக்கா," என்றார். "நான் என்ன, இந்த இரும்பப் பாக்கவா வாரா வாரம் அம்பது கிலோமீட்டர் வந்தேன்? நீ அன்னைக்கே சொல்லியிருந்தா, ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு நேரா இங்கதான் வந்திருப்பேன். பேசுறதுக்குக் கை எதுக்குடா?"

வீரபாண்டி அவர் காலடியில் உட்கார்ந்துவிட்டான். அவனுடைய தலையில் வைக்க அவர் வலது கையைத் தூக்கிப் பார்த்தார். அது பாதி வழியிலேயே நின்றுவிட்டது.

"போதும், எந்திரிங்க," என்று கணவரிடம் சொன்னார் ஜுலைஹா பீவி. வீரபாண்டி அவசரமாக எழுந்து அவரைத் தாங்கப் போனான். "நீ விடுப்பா. நான் பாத்துக்கிறேன்" என்று அவனை விலக்கிவிட்டு, தன் தோளை அவருக்குக் கொடுத்துத் தூக்கி நிறுத்தினார். இருவரும் ஒவ்வோர் அடியாக வராந்தாவைக் கடந்தார்கள். வாசலில் கௌஸ் முகம்மது திரும்பிப் பார்க்க முயன்றார். கழுத்துப் பட்டை விடவில்லை. அவர் உடம்போடு திரும்பட்டும் என்று ஜுலைஹா பீவி நிற்கவில்லை.