முதுகோடு முதுகு

சைக்கிளின் முன்சக்கரம் திடீரென்று தரையை விட்டு ஒரு முழம் மேலே எழும்பியது. ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு நின்ற மலர்விழி அதை அழுத்திக் கீழே இறக்கப் பார்த்தாள். முடியவில்லை. பின்னால் கேரியரில் பொருத்திய பலகையில் உட்கார்ந்திருந்த அவள் கணவன் சென்றாயன் எழுபத்தெட்டு கிலோ. நீட்டிய வலது காலோடு அவன் பின்பக்கமாகச் சரிந்துகொண்டே, "வுடாத மலரு, வுடாத!" என்று கத்தினான். வாசலில் பல் துலக்கிக்கொண்டிருந்த மகள் காவியா வாய் நுரையோடு ஓடி வந்து முன்பக்கக் கூடையின் மேல் தன் உடம்பையே சாய்த்தாள். சக்கரம் இறங்கியது. முதலில் காவியாவுக்குத்தான் சிரிப்பு வந்தது.

"முன்னாடி வெயிட் பத்தலம்மா. நானும் ஏறிக்கட்டுமா?"

மலர்விழி தோட்டத்துப் பக்கம் பார்த்தாள். அரைக் காணியில் முள்ளங்கி பிடுங்கத் தயாராக இருந்தது. எப்படியும் யாராவது அதை மாரண்டஹள்ளிக்குக் கொண்டுபோய்த்தான் ஆக வேண்டும். அரை மணி நேரத்தில் மண் கழுவிய முள்ளங்கி பன்னிரண்டு கிலோ கூடையில் ஏறியது. கூடையில் கொள்ளாதது ஹேண்டில்பாரின் இரண்டு பக்கமும் பைகளில் தொங்கியது. சென்றாயன் மறுபடியும் உட்கார்ந்தான். முன்சக்கரம் அசையாமல் நின்றது.

நான்கு மாதத்துக்கு முன்னால் தக்காளி லோடு ஏற்றிய, தான் ஓட்டும் லாரியின் மேல் நின்று தார்ப்பாய்க் கயிற்றை இழுத்துக் கட்டும்போது சென்றாயனின் கால் வழுக்கியது. இருபது வருடமாக அவன் செய்துவந்த வேலை அது. விழுந்தபோது முழங்காலுக்குக் கீழே எலும்பு இரண்டாகப் போனது. பிளேட் வைத்தார்கள், எலும்பு சேர்ந்தது. ஆனால் அத்தனை நாள் நீட்டியே கிடந்த முழங்கால் மடங்க மறுத்தது. மாரண்டஹள்ளியில் பிசியோதெரபி செய்யும் சசிகலா என்கிற பெண், ஒரு பெரிய கவராயத்தைப் போன்ற கருவியை முட்டியில் வைத்துப் பார்த்துவிட்டு, "முப்பது டிகிரிதான் மடங்குது. லாரி பெடல் மிதிக்கணும்னா நூறு டிகிரியாவது வேணும். தெனம் வரணும். ரெண்டு மாசம் வுட்டா அப்பறம் இப்படியே இறுகிப்போயிடும், நான் ஒண்ணும் செய்ய முடியாது" என்று சொன்னாள்.

தினம் வருவது எப்படி என்பதுதான் கேள்வி. ஊரிலிருந்து ஆறு கிலோமீட்டர். தினமும் ஆட்டோ வைக்கிற நிலையில் அவர்கள் இல்லை. பக்கத்து வீட்டு மாதவராஜ் தன் பைக்கில் மூன்று நாள் கூட்டிப்போனான். மூன்றாம் நாள், பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருந்த சென்றாயனின் கால் எதிரே வந்த வேனில் உரசப் பார்த்தது. நாலாம் நாள் மாதவராஜுக்கு வேறு வேலை வந்துவிட்டது. மலர்விழிக்கு அவன்மேல் கோபமில்லை. அன்று முழுக்க அவள் வாசலில் நின்ற காவியாவின் சைக்கிளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பதினொன்றாம் வகுப்பில் பள்ளிக்கூடத்தில் கொடுத்த நீலநிற லேடீஸ் சைக்கிள். கல்யாணத்துக்கு முன்னால் அவள் தன் அப்பாவின் சைக்கிளில் மூன்று ஊர் சுற்றியவள். கல்யாணத்துக்குப் பிறகு பதினெட்டு வருடமாக ஒரு நாளும் தொட்டதில்லை. தொடக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. வீட்டில் பைக் இருந்தது, அவன் ஓட்டினான், அவள் பின்னால் உட்கார்ந்தாள். அந்த பைக்கையும் ஆஸ்பத்திரிச் செலவுக்கு விற்றாகிவிட்டது.

மறுநாள் அவள் சென்றாயனின் நீட்டிய காலைக் கயிற்றால் அளந்து, கயிற்றில் ஒரு முடிச்சுப் போட்டு எடுத்துக்கொண்டு, மாரண்டஹள்ளியில் சைக்கிள் கடை வைத்திருக்கும் தஸ்தகீர் பாயிடம் போனாள். அவர் கயிற்றைப் பார்த்தார், சைக்கிளைப் பார்த்தார்.

"முன்னாடி பாத்து உக்காந்தா கால் எதுலயாவது மோதிக்கிட்டே இருக்கும்மா. திருப்பி உக்கார வெச்சா என்ன?"

"திருப்பின்னா?"

"உங்க முதுகும் அவர் முதுகும் ஒட்டிக்கும். கால் பின்னாடி நீட்டிக்கும். பலகை ஒண்ணு போட்டுடலாம். பால்கேன் வெக்கறவங்களுக்குப் போடற கெட்டிக் கேரியர் இருக்குது என்கிட்ட."

இரண்டு நாளில் அவர் பலகை வைத்து, பிடித்துக்கொள்ளப் பக்கத்துக்கு ஒன்றாகக் கம்பி வளைத்து, இடது காலுக்கு ஒரு மிதியும் பற்றவைத்துக் கொடுத்தார். காவியாதான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். "என் சைக்கிள மாட்டு வண்டி மாதிரி ஆக்கிட்டீங்க" என்றாள். ஆனால் காலை ஆறரைக்குக் கிளம்பி எட்டரைக்குள் சைக்கிளைத் திருப்பிக் கொண்டுவந்தால் பள்ளிக்கூடத்துக்கு நேரம் சரியாக இருக்கும் என்று கணக்குப் போட்டுச் சொன்னதும் அவள்தான். சசிகலாவிடம் போனில் பேசி ஏழேகாலுக்குக் கதவு திறக்க வைத்தவளும் அவள்தான்.

முதல் நாள் தெருமுனை தாண்டுவதற்குள் இரண்டு முறை சாய்ந்து, இரண்டு முறையும் மலர்விழி காலை ஊன்றிச் சமாளித்தாள். மூன்றாவது முறை சைக்கிள் நேராக ஓடியது. தெருவில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் குடத்தை மறந்து நின்றார்கள். அவளுக்கு அவர்களின் முகங்கள் எதிரே வந்து பக்கத்தில் மறைந்தன. சென்றாயனுக்கோ மறையாமல் அவனையே பார்த்துக்கொண்டு தூரத்தில் போயின. அவன் கண்ணை மூடிக்கொண்டான். அது அவளுக்குத் தெரியாது. அவன் முதுகு இறுகியது மட்டும் தெரிந்தது.

பாதி வழியில் ஏரி மேடு. கரையை ஒட்டி ரோடு ஒரே மூச்சில் ஏறும். ஒன்பது மின்கம்பம் நீளம். மேட்டின் அடியில் டீக்கடை. மலர்விழி முதல் கம்பம் வரை மிதித்தாள், அதற்கு மேல் பெடல் இறங்கவில்லை. இறங்கித் தள்ளினாள். கணவன் பலகையில் கால் நீட்டி உட்கார்ந்திருக்க, பொண்டாட்டி வேர்த்து விறுவிறுத்துத் தள்ளிக்கொண்டு போவதை டீக்கடையில் இருந்த அத்தனை பேரும் பார்த்தார்கள். எட்டு நாள் அப்படிப் போனது. ஒன்பதாம் நாள் டீக்கடையில் முனிராஜ் இருந்தான். சென்றாயனோடு பத்து வருடம் லோடு அடித்தவன்.

"என்னடா சென்றாயா, டிரைவரா இருந்தவன் பொண்டாட்டி வண்டியில கிளீனராப் பூட்டியா?"

கடையே சிரித்தது. முனிராஜ் கெட்டவன் இல்லை. சிநேகிதனைப் பார்த்த சந்தோஷத்தில் வாய்க்கு வந்ததைச் சொன்னான், அவ்வளவுதான். ஆனால் மேட்டின் உச்சி வரை அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டே போக வேண்டியவனாகச் சென்றாயன் உட்கார்ந்திருந்தான்.

மறுநாள் காலை அவன் கட்டிலைவிட்டு எழவில்லை.

"நான் வரல. வூட்லயே மடக்கிப் பாத்துக்கறேன்."

மலர்விழி முள்ளங்கியைக் கூடையில் அடுக்கி முடித்தாள். உள்ளே வந்து கட்டிலின் காலடியில் நின்றாள்.

"பதினெட்டு வருசம் உங்க பின்னாடி உக்காந்தேன். எங்க போறோம், ஏன் இவ்ளோ வேகம், ஒண்ணும் கேட்டதில்ல. வுழுந்துடுவேன்னு பயந்தப்பக்கூட உங்க சட்டையப் புடிச்சிக்கிட்டு வாய மூடிக்கிட்டு வந்தேன். ஆறு கிலோமீட்டர் என் பின்னாடி உக்கார முடியாதா உங்களால?"

சென்றாயன் சுவரைப் பார்த்தபடியே கிடந்தான். அவள் வெளியே போய் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உள்ளே கோலை ஊன்றும் சத்தம் கேட்டது. அவன் வந்து பலகையில் உட்கார்ந்து காலை நீட்டினான். காவியா துண்டை எடுத்து அந்தக் காலைப் பலகையோடு சேர்த்துக் கட்டினாள்.

அன்று ஊரைத் தாண்டிய பிறகு அவன் பேச ஆரம்பித்தான். முகத்தைப் பார்த்துப் பேசியிருந்தால் அவனால் சொல்லியிருக்க முடியாது. முதுகுக்குப் பின்னால் இருப்பவளிடம் சொல்வது சுலபமாக இருந்தது.

"எனக்கும் பயமாத்தான் இருக்கும் மலரு."

"எதுக்கு?"

"லாரில. தொப்பூர் மலை எறக்கத்துல எறங்கறப்பல்லாம். ஒவ்வொரு வாட்டியும். யாருகிட்டயும் சொன்னதில்ல."

அவள் மிதிப்பதை நிறுத்தவில்லை. அவனுடைய முதுகின் சூடு தன் முதுகில் படிந்திருப்பதை அன்றுதான் அவள் கவனித்தாள். லாரி ஓட்டிய காலத்தில் அவன் ஊரில் இருந்த நாட்கள் மாதத்துக்கு ஏழெட்டுத்தான். அந்த ஏழெட்டு நாளிலும் பாதி தூங்கியே போகும். இப்போது தினமும் ஒன்றரை மணி நேரம் அவர்கள் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து போய்வந்தார்கள். காவியாவை மேலே என்ன படிக்க வைப்பது, முள்ளங்கி முடிந்ததும் அந்த இடத்தில் என்ன போடுவது, எல்லாம் அந்த ரோட்டில்தான் முடிவானது.

ஏரி மேடு நெருங்கியது. "இங்க பாரு," என்றான் சென்றாயன். "மேட்டுல வந்து வேகம் எடுக்கக் கூடாது. எடுக்க முடியாது. மேட்டுக்கு முன்னாடி இருக்கற அந்தச் சின்னப் பாலம் தாண்டறப்பவே எடுத்துடணும். லோடு வண்டி அப்படித்தான் ஏறும்."

"இவ்ளோ நாளா ஏன் சொல்லல?"

"நீ கேக்கல."

"இனிமே கேக்காமயே சொல்லுங்க."

அன்று மூன்றாவது கம்பம் வரை ஏறினாள். டீக்கடையைத் தாண்டும்போது சென்றாயன் கண்ணை மூடவில்லை. முனிராஜைப் பார்த்து, பலகையின் ஓரத்தைக் கையால் இரண்டு தட்டுத் தட்டி, "ரைட் ரைட், போலாம்!" என்று கிளீனர் குரலில் கத்தினான். முனிராஜ் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்று சிரித்தான். அது வேறு மாதிரியான சிரிப்பு.

அதற்குப் பிறகு அவன் அவளுக்குப் பின்பக்கக் கண்ணாடியாக ஆனான். "டிராக்டர் வருது, ஓரம் ஒதுங்கு." "பைக்குதான், நீ பாட்டுக்கு வா." அவள் எந்தக் காலை அழுத்துகிறாளோ அந்தப் பக்கம் தன் பாரம் சாயாமல் இருக்க அவன் பழகிக்கொண்டான். நாலாவது கம்பத்தில் ஒரு வாரம் நின்றாள். பிறகு ஐந்து. பிறகு ஒரே நாளில் ஏழு. இறங்கித் தள்ளும்போது தொடைகள் நடுங்கின. ராத்திரி கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும், சசிகலா சொல்லிக்கொடுத்த மாதிரி சென்றாயன் அதை நீவிவிடுவான். முட்டி ஐம்பதுக்கு வந்தது, அறுபத்தைந்துக்கு வந்தது. எண்பதில் வந்து முரண்டு பிடித்தது. "இன்னும் இருபது இருக்குது. வருமா வராதான்னு இப்ப சொல்ல மாட்டேன். வந்துக்கிட்டே இருங்க" என்றாள் சசிகலா.

ஒரு வியாழக்கிழமை பனி இறங்கியிருந்தது. ஏரியின் மேல் வெள்ளையாக நின்றது. சின்னப் பாலத்திலேயே மலர்விழி வேகம் எடுத்தாள். முதல் இரண்டு கம்பம் வேகத்திலேயே போனது. மூன்றாவதில் பாரம் தெரிய ஆரம்பித்தது. சீட்டைவிட்டு எழாமல், பல்லைக் கடித்துக்கொண்டு, ஒரு மிதிக்கு ஒரு மூச்சாக ஏறினாள். ஐந்தாவது கம்பத்தில் பின்னால் பெரிய வண்டியின் இரைச்சல் கேட்டது. கிராமம் கிராமமாகப் பெண்களை ஏற்றிக்கொண்டு ஓசூருக்குப் போகும் கம்பெனி பஸ்.

"ஓரம் போவட்டுமா?" என்று மூச்சு வாங்கக் கேட்டாள்.

"வேணாம். நேராப் போ. ஓரத்துல ஜல்லி."

சென்றாயன் பஸ்ஸுக்கு நேர் எதிரே உட்கார்ந்திருந்தான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டிரைவரின் முகம் தெளிவாகத் தெரிந்தது. முன்பின் பார்க்காத முகம். ரோட்டில் முந்துவதற்கு இடம் இருந்தது. எதிரே எதுவும் வரவில்லை என்று திரும்பிப் பார்த்து உறுதி செய்துகொண்டு, டிரைவர்கள் ஒருவருக்கொருவர் காட்டுவது மாதிரி வலது கையை வீசி, "நீ போ" என்று காட்டினான். டிரைவர் மாட்டேன் என்று தலையை ஆட்டினான். முந்தவில்லை. ஹாரனும் அடிக்கவில்லை. சென்றாயன் மறுபடியும் கை காட்டினான். டிரைவர் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்து, "நீ முதல்ல ஏறு" என்று மேட்டின் உச்சியைக் காட்டினான். பஸ் முதல் கியரில் உறுமிக்கொண்டு சைக்கிளின் வேகத்துக்குப் பின்னால் ஊர்ந்தது.

ஆறாவது கம்பம். பஸ்ஸின் ஜன்னல்களில் ஒவ்வொன்றாகத் தலைகள் முளைத்தன. தூக்கம் கலையாத முகங்கள், யூனிபார்ம் காலர், ஈரத் தலை. ஏழு. மலர்விழியின் முதுகு அனல்போல் கொதித்தது, அவளுடைய நெஞ்சு அடித்துக்கொள்வது சென்றாயனின் விலா எலும்புகளில் கேட்டது. சைக்கிள் ஒரு பக்கம் வெட்டியது, நேரானது.

"அந்த வண்டி ஏன் இன்னும் முந்தல?"

"அவன் மெதுவா வர்றான். நீ மிதி."

"எத்தன கம்பம்?"

"எண்ணாத. மிதி புள்ள."

எட்டாவது கம்பத்தில் அவளுக்குக் கண் இருட்டியது. பெடல் மேலே வந்து நின்றது. அதற்கு மேல் இறங்காது போல் இருந்தது. சென்றாயன் மூச்சைப் பிடித்துக்கொண்டான், அவனால் செய்ய முடிந்தது அது ஒன்றுதான். யாரோ ஒரு பெண் பஸ்ஸிலிருந்து, "அக்கா, அவ்ளோதாங்க்கா, வந்துடுச்சு!" என்று கத்தினாள். பெடல் அரை அங்குலம் இறங்கியது. பிறகு ஒரு அங்குலம். பிறகு முழுவதும் இறங்கியது. அடுத்தது சுலபமாக இருந்தது. அதற்கடுத்தது இன்னும் சுலபம். ஒன்பதாவது கம்பம் பக்கத்தில் வந்து, பின்னால் போனது.

உச்சியில் அவள் நிறுத்தவில்லை. நிறுத்தத் தோன்றவில்லை. எதிரே ரோடு சரிந்து இறங்கி, இரண்டு பக்கமும் தக்காளித் தோட்டங்களுக்கு நடுவே மாரண்டஹள்ளி வரைக்கும் தெரிந்தது. கால்கள் தன்பாட்டுக்குச் சும்மா இருக்க, சைக்கிள் தானாகவே ஓட ஆரம்பித்தது. காற்று முகத்தில் அடித்தது. கூடையில் முள்ளங்கித் தழைகள் படபடத்தன. பின்னால் சென்றாயன் என்னவோ சொன்னான், காற்றில் கேட்கவில்லை. அவன் முதுகு குலுங்குவது மட்டும் தெரிந்தது. சிரிக்கிறானா, அழுகிறானா என்று கேட்க அவளிடம் மூச்சு இல்லை.

அப்போதுதான் பஸ் வலது பக்கம் ஒதுங்கி அவர்களைத் தாண்டியது. நீளமாக ஒரே ஒரு ஹாரன். ஜன்னல் ஜன்னலாகக் கைகள் வெளியே நீண்டன, இருபது முப்பது கைகள், கண்ணாடி வளையலும் கைக்கடிகாரமும் யூனிபார்ம் சட்டைக் கையுமாகக் காற்றில் ஆடிக்கொண்டே கடந்து போயின. திருப்பிக் கையாட்ட மலர்விழியால் முடியவில்லை, இரண்டு கையும் ஹேண்டில்பாரில் இறுகியிருந்தன. கட்டைவிரல் மட்டும் மணியில் இருந்தது. அவள் அதை அடித்தாள். பஸ் வளைவில் திரும்பி, கடைசி ஜன்னலின் கடைசிக் கை மறையும்வரை அடித்துக்கொண்டே இருந்தாள்.