மலையாளத்தில் பங்காளி

மனித குலம் முழுவதும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளே என்னும் பேருண்மை, பழவங்காடிப் பாத்திரக்கடை ஆறுமுகநயினாருக்குப் போன வருஷம் மார்ச் மாதக் கடைசி வாரத்தில் விளங்கியது. விளங்க வைத்தவர் ஆடிட்டர். ஏழைகள் வசிக்கும் காலனியில் தொழில் தொடங்கினால் வரியில் நல்ல சலுகை உண்டு. காலனிக்காரர் ஒருவரைப் பங்காளியாகச் சேர்த்து, மூன்று வருஷம் தொழிலை நடத்த வேண்டும், அவ்வளவுதான். நயினார் பங்காளியைத் தேடி அலையவில்லை. அவள் அவர் வீட்டுக் கொல்லையிலேயே பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

இன்று அந்தச் சலுகைக்கான பரிசோதனை. காலனிச் சந்துக்குள் ஜீப் நுழையாது என்பதால் ஆபீசர் நயினாரின் ஸ்ரீவராகத்து வீட்டுக்கே வருகிறார்.

"அவ கூடத்துல, அதுவும் நாக்காலியில உக்காரணுமாக்கும்?" என்றாள் நயினாரின் மனைவி சொர்ணம்மாள். அடுக்களை ஜன்னலுக்கு வெளியே இரண்டடி தூரத்தில் ரத்னாபாய் குக்கர் விளக்கிக்கொண்டிருந்தாள். அவளுக்குக் காது உண்டு என்பது அந்த வீட்டில் பதினெட்டு வருஷமாக யாருக்கும் தோன்றியதில்லை.

"பங்காளி பின்ன நின்னுக்கிட்டா இருப்பா?"

"பங்காளின்னா நம்ம குலத்துல பொறந்தவன். ஒரு சாவுன்னா கூடத் தீட்டு காக்கிறவன். இவ எப்படிங்க பங்காளி?"

"மலையாளத்துல பங்காளின்னா பார்ட்னர்டீ. பேப்பரு மலையாளத்துலதான இருக்கு."

"அப்ப மலையாளத்துலயே உக்காரச் சொல்லுங்க!"

"அரை மணி நேரந்தான். பெறவு கூடத்தக் கழுவி விட்டாப் போச்சு."

"ஆரு கழுவ?"

"ஆரு கழுவுவா? ரத்னாதான்."

ரத்னாபாய் குக்கரைக் கவிழ்த்து வைத்தாள்.

கரமனை ஆற்றங்கரைக் காலனியில் அவள் வீட்டில் மழை ஒழுகாத அறை ஒன்றே ஒன்று. பங்குத் தொழிலுக்கென்று நயினார் வாங்கிய அப்பள இயந்திரம் அதில்தான் இருக்கிறது. வந்த அன்று மாலை போட்டுப் போட்டோ எடுத்தார்கள். அதன் பிளாஸ்டிக் உறையை இதுவரை யாரும் பிரிக்கவில்லை. அந்த அறையில் கிடந்த புருஷன் தாசையனின் கட்டிலைப் பின்பக்கச் சாய்ப்புக்கு மாற்றினாள். நெஞ்சுச் சளிக்காரன். ஆடி மழைச் சாரலில் பன்னிரண்டு நாள் இருமினான். கட்டிலை மட்டும் உள்ளே போட்டுக்கொள்ளட்டுமா என்று நயினாரிடம் கேட்டாள். "இன்ஸ்பெக்‌ஷன் முடியட்டும் ரத்னா" என்றார். பதின்மூன்றாம் நாள் தாசையன் இருமவில்லை.

இப்போது மகள் ஆர்ஷாவுக்கு எட்டாம் மாசம். தலைப்பிரசவம். அடுத்த வாரம் வருகிறாள். பங்காளிதானா என்று ஆபீசர் கேட்கும்போது ஆமாம் என்று சொன்னால் வேலை இருக்கும். இயந்திரமும் இன்னும் இரண்டு வருஷம் அந்த அறையிலேயே இருக்கும். இல்லை என்றால் இரண்டும் போகும்.

ஆபீசர் ரெம்யா சின்ன வயதுக்காரி. ரத்னாபாய் நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். முழங்கையில் சோப்பு நுரை காயவில்லை.

"ஏழைகளை உயர்த்தணும் மேடம். அது ஒரு சமூகக் கடமை" என்று நயினார் ஆரம்பித்தார். ரெம்யா கையைக் காட்டி நிறுத்தினாள்.

"சேச்சி, நீங்க இவரோட பங்காளியாணோ?"

நயினார் சிரித்தபடி தலையை ஆட்டிக் காட்டினார். ரத்னாபாய் அவரைப் பார்க்கவில்லை.

"அது எப்பிடி மேடம்? எனக்க வீட்டுக்காரரு செத்ததுக்கு இந்த வீட்டுல ஒரு நேரம் தீட்டு காக்கல்லியே. அன்னைக்கு இங்க பேரப்பிள்ளைக்குப் பெறந்தநாளு. பாயசப் பாத்திரம் கழுவ ஆளில்லன்னு அம்மா போன் போட்டாவ. அவரை அப்பந்தான் குளிப்பாட்டிக்கிட்டு இருந்தோம்."

நயினார் அவசரமாகச் சொன்னார்: "இவ வேற அர்த்தத்துல சொல்லுகா மேடம். தமிழ்ல..."

"மெஷின் ஓடுந்நுண்டோ?" என்றாள் ரெம்யா, அவரைப் பார்க்காமலே.

"கவரே பிரிக்கல்ல. எழுதிக்கிடுங்க மேடம். எனக்க மவளுக்குப் படுக்க அந்த ரூமு வேணும். அவளுக்க அப்பனுக்குத்தான் குடுத்து வைக்கல்ல."

ரெம்யா கொஞ்ச நேரம் எழுதினாள். பிறகு பேனாவை மூடிக்கொண்டு எழுந்தாள். அவளுக்கு வைத்த டீ அப்படியே ஆறியிருந்தது.

ஜீப் சத்தம் தேய்ந்ததும் நயினார் ஆடிட்டருக்குப் போன் போட மாடிக்கு ஓடினார். சொர்ணம்மாள் கூடத்துக்கு வந்தாள். வரியைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது. நாற்காலியைத்தான் பார்த்தாள்.

"உண்ட வீட்டுக்கு நல்லா செஞ்சிட்டட்டீ. செரி, போகுமுன்ன இந்தக் கூடத்தக் கழுவி விட்டுட்டுப் போ."

ரத்னாபாய் எழுந்தாள்.

"மெஷின என்னைக்கு எடுப்பியம்மா?"

அவள் செருப்பு கொல்லையில் கிடந்தது. அதை எடுக்கப் போகாமல், வாசல் வழியாக, வெறுங்காலோடு தெருவில் இறங்கினாள். அந்த வாசற்படியை அவள் தினமும் கழுவியிருக்கிறாள். மிதித்தது அன்றுதான்.

கூடத்தைக் கழுவியே ஆகவேண்டும் என்று சொர்ணம்மாள் சேலையை இழுத்துச் செருகினாள். அடுக்களையில் தேடினாள், கொல்லையில் தேடினாள், மாடியைப் பார்த்துக் கணவனைக் கூப்பிட்டுக் கேட்டாள்.

அந்த வீட்டில் துடைப்பம் எங்கே இருக்கும் என்று இருவருக்கும் தெரியவில்லை.