தோற்பதற்கு ஆள் தேவை

போலந்தின் ஒல்ஷினெக் நகரத்தில் வீரர்களுக்குப் பஞ்சம் வந்ததே இல்லை. எதிரிகளுக்குத்தான் பஞ்சம்.

1920-இல் ரஷ்யாவின் போல்ஷெவிக் படையை விரட்டியடித்த சண்டையை ஆண்டுதோறும் ஆகஸ்டில் ஊருக்கு வெளியே குன்றடியில் நடித்துக் காட்டுவார்கள். வரலாற்றுப் புத்தகத்தில் அந்தக் குன்றுக்குக் கிடைத்தது அரை வரி. நகரத் தலைவர் வால்தெமார் ப்ரூஸ் வாயைத் திறந்தாலோ, ஐரோப்பா முழுவதும் பிழைத்ததே அந்த அரை வரியில்தான். போலந்துப் படையில் சேர ஊரே முட்டி மோதும். ரஷ்யனாக நிற்க மட்டும் ஒருவரும் அகப்படமாட்டார். "என் மாமியார் பாக்க வருவாங்க சார். ரஷ்யனா நின்னேன்னா ராத்திரி கதவத் திறக்கமாட்டாங்க" என்பார்கள். போன வருடம் கைப்பந்துக் குழுவினரைப் பிடித்துச் சிவப்பு நட்சத்திரம் குத்தி நிறுத்தியதில், அவர்கள் சிரித்துக்கொண்டே ஓடினார்கள். கூட்டமும் சேர்ந்து சிரித்தது.

அந்தச் சிரிப்பு பண்பாட்டு மன்ற இயக்குநர் போகுமில் சேபுல்ஸ்கியின் தலையில் விடிந்தது.

"இந்த வருஷம் துணை ஆளுநர் வர்றார். டிவி வருது" என்றார் வால்தெமார். "ஒருத்தன் சிரிச்சான்னு வை, செப்டம்பர்ல உன் நாற்காலியில என் மச்சினி உட்காருவா. அவளுக்கும் கலை ஆர்வம் உண்டு."

மச்சினியின் கலை ஆர்வம் நாய்களுக்கு ஸ்வெட்டர் பின்னுவது. ஆனாலும் வால்தெமார் சொன்னால் செய்வார். ஐம்பத்தேழு வயதில் ஒல்ஷினெக்கில் வேறு வேலை என்றால் கல்லறைத் தோட்டக் காவல் ஒன்றுதான். அதற்கும் வால்தெமாரின் சிபாரிசு வேண்டும்.

ஆகவே போகுமில் யாரும் செய்யாத காரியத்தைச் செய்தார். எல்லைக்கு அப்பால், ரஷ்யாவின் கலினின்கிராதில் பழைய போர்களை நடித்துக் காட்டும் ஒரு குழு இருந்தது. அதற்கு எழுதி, பன்னிரண்டு அசல் ரஷ்யர்களை வரவழைத்தார்.

அவர்களின் தலைவர் ரோதியோன் லாப்ஷின், பல் டாக்டர். ஒல்லியான மனிதர். பேசும்போது எதிரில் இருப்பவரின் வாயையே பார்ப்பார். போலந்து டிவி பார்த்தே போலந்து மொழி கற்றவர். வரவேற்புக்காக நகராட்சி பெட்டி பெட்டியாக வோட்கா இறக்கி வைத்திருந்தது. ரஷ்யர்கள் ஃபிளாஸ்கிலிருந்து தேநீர் ஊற்றிக் குடித்தார்கள். வோட்காவை வீணாக்க வேண்டாமென்று வரவேற்புக் குழுவே அந்தப் பாரத்தைச் சுமந்தது.

முதல் ஒத்திகையில் குதிரைப்படைத் தலைவராக நடிக்கும் மருந்துக்கடைக்காரர் செவெரின், ரஷ்யர்கள் நெருங்குவதைப் பார்த்ததும் கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். 1945-இல், உலகப் போரின் முடிவில் வந்த ரஷ்யச் சிப்பாய்கள் ஊரிலிருந்த கடிகாரத்தையெல்லாம் உருவிக்கொண்டு போன கதை அங்கே தாய்ப்பாலோடு ஊட்டப்படுவது. ரோதியோன் பார்த்துவிட்டார். தன் சட்டைக் கையை மேலே ஏற்றினார். செவெரினுடைய கடையை விற்றாலும் வாங்க முடியாத கடிகாரம் அது.

"பயப்படாதீங்க. என்கிட்ட ஏற்கெனவே ஒண்ணு இருக்கு."

"பழக்கதோஷம், டாக்டர்" என்று போகுமில் வழிந்தார்.

"புரியுது. எங்க ஊர்லயும் சொல்லி அனுப்பினாங்க. போலந்துக்காரன் உன் பொண்டாட்டி கைக்கு முத்தம் கொடுத்தான்னா, விரல எண்ணிப் பாத்துக்கோன்னு. ஒவ்வொருத்தனும் பிரபு பரம்பரைம்பான், ஜெர்மனியில போய் கக்கூஸ் கழுவிட்டு வருவான்னு."

செவெரினின் முகம் சிவந்தது. அவர் தம்பி ஜெர்மனியில்தான் இருந்தான்.

உண்மையான தகராறு ஓடுவதைப் பற்றி வந்தது. துப்பாக்கிகளைப் போட்டுவிட்டு, பூட்ஸைக் கழற்றி எறிந்துவிட்டு, அலறியடித்து ஓட வேண்டும் என்பது நகரத் தலைவரின் திட்டம். ரோதியோன் அதை அமைதியாகப் படித்தார், சொத்தைப் பல்லைப் பார்ப்பதுபோல.

"அன்னிக்குத் தோத்தோம். அது உண்மை. அதனால தோக்குறோம், அதுக்குத்தானே வந்திருக்கோம்? பின்வாங்குவோம், கடைசியில ஓடவும் ஓடுவோம். ஆனா கேலி கூடாது, டைரக்டர் சார். அன்னிக்கு இங்க செத்த பசங்கள்ல பாதிப் பேருக்கு மீசை முளைக்கல. யாரும் அவங்களைக் கேட்டு அனுப்பல."

"கேலியே இருக்காது. மைக்ல படிக்கிற வர்ணனைய நானே எழுதியிருக்கேன். 'எதிரி'ன்னு ஒரு வார்த்தை. அதுக்கு மேல ஒண்ணும் கிடையாது. என் வாக்கு."

"பிரபுவோட வாக்கா?"

"அரசு ஊழியரோட வாக்கு."

ரோதியோன் முதல்முறையாகச் சிரித்தார். "அப்ப நம்பலாம்."

கிளம்பும்போது மைதானத்தைத் திரும்பிப் பார்த்தார். அங்கே செவெரின் சாவதற்குப் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தார். குண்டடி பட்டு ஒரு தடவை விழுந்தார். எழுந்து வாளை முத்தமிட்டு மறுபடி விழுந்தார். முழங்காலில் நிமிர்ந்து தாய்நாட்டுக்கு ஒரு வார்த்தை சொன்னார், அது ஒன்றோடு நிற்கவில்லை. பக்கத்தில் நாலைந்து பேர் தங்கள் முறைக்குக் காத்திருந்தார்கள்.

"உங்க ஆளுங்கதானே ஜெயிக்கணும்?" என்றார் ரோதியோன். "செத்துக்கிட்டே இருக்காங்களே."

"ஐந்து பேருக்குத்தான் சாவு. கண்டிப்பாச் சொல்லியிருக்கேன்."

விழா நாள். குன்றடியில் ஊரே திரண்டிருந்தது. முன்வரிசையில் துணை ஆளுநர், கன்னியாஸ்திரிகள், டிவி கேமரா. மேடையில் மைக்குடன் வால்தெமார். கையில் போகுமில் எழுதிக்கொடுத்த தாள். மேடையோரம் நின்ற போகுமிலின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

ஆரம்பம் நன்றாகவே போனது. பீரங்கி முழங்கியது. ரஷ்யர்கள் வரிசையாக முன்னேறினார்கள், பிறகு ஒழுங்காகச் சுட்டுக்கொண்டே பின்வாங்கத் தொடங்கினார்கள். அப்போதுதான் கேமரா மேடைப் பக்கம் திரும்பியது. அதன் சிவப்பு விளக்கைப் பார்த்ததும் வால்தெமார் தாளை மடித்துப் பைக்குள் வைத்தார்.

"பாருங்கள், பெருமக்களே! ஆசியாவின் இருட்டிலிருந்து ஊர்ந்து வந்த கூட்டம்! குளிக்காத உடம்பு, குடிவெறி பிடித்த கண்! சவுக்குக்கு மட்டுமே பணியும் அடிமைகள்! அவர்களுக்கு எதிரே யார்? நாம்! நாகரிகம்!"

மைதானத்தில் ரோதியோன் ஒரு கையைத் தூக்கினார். பன்னிரண்டு பேரும் நின்றார்கள். துப்பாக்கிகளைத் தரையில் ஊன்றி, சுடாமல், நகராமல், மேடையைப் பார்த்து நின்றார்கள்.

இது போலந்து வீரர்களுக்குத் தெரியாது. அவர்கள் புகைக்குள் இருந்தார்கள். சாக வேண்டிய ஐந்து பேர் செத்தார்கள். ஆறாவது ஆள், தன் மனைவி ஃபோனைத் தூக்கிப் பிடிப்பதைப் பார்த்தார். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். அவருக்குக் கிடைத்த கைதட்டலைக் கேட்டு ஏழாவது, எட்டாவது, பதினைந்தாவது ஆள்களும் போனார்கள். குதிரைப்பள்ளியில் குழந்தைகளைச் சுமந்து பழகிய குதிரைகள் பீரங்கிச் சத்தத்துக்கு மிரண்டு லாயத்துக்குத் திரும்பின. வழியில் அவற்றிலிருந்து விழுந்தவர்கள் விழுந்த இடத்திலேயே சாவது கௌரவம் என்று கண்டுகொண்டார்கள். செவெரின் எல்லாருக்கும் கடைசியில், இரண்டு தவணையாகச் செத்தார்.

புகை விலகியது.

மைதானம் நிறைய போலந்துப் பிணம். எதிரே ஒரு கீறல்கூட இல்லாமல் பன்னிரண்டு ரஷ்யர்கள்.

"இதோ!" என்று ஆரம்பித்த வால்தெமாரின் குரல் அந்தரத்தில் தொங்கியது. கூட்டம் மூச்சு விடவில்லை. பின்வரிசையில் யாரோ தொண்டையைச் செருமினார்கள். ஒரே ஒரு சிரிப்பு போதும், வெடித்துவிடும். போகுமில் மேடையில் ஏறி மைக்கைக் கையால் பொத்தினார்.

"தலைவரே, எழுதினத மட்டும் படிங்க. நீங்க திட்டுறதாலதான் அவங்க நின்னுட்டாங்க."

"நின்னுட்டாங்களா? ஓடத்தானே கூட்டிட்டு வந்த?"

"ஒரு வார்த்தை மன்னிப்பு மாதிரி..."

"யார்கிட்ட? ரஷ்யன்கிட்டயா?" வால்தெமாரின் மீசை துடித்தது. "அதட்டினாத்தான்யா அவன் கேப்பான். போ. ஓடவை. முடியலன்னா மன்றத்துச் சாவிய நாளைக்கு என் மச்சினிகிட்ட கொடுத்துடு."

போகுமில் மைதானத்தில் இறங்கினார். கோட்டு சூட்டோடு போர்க்களத்தில் நடந்தால் கண்ணை உறுத்துமே என்று கீழே கிடந்த ஒரு தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

"சார், அது என் தொப்பி" என்றது ஒரு பிணம்.

"செத்துக் கிட!"

ரோதியோனுக்கு இரண்டடி முன்னால் நின்றார். படுத்தபடி ஒட்டுக்கேட்கும் பிணங்களுக்குப் புரியக் கூடாதென்று ரஷ்ய மொழியில் பேசினார். கம்யூனிஸ்ட் ஆட்சிக் காலத்துப் பள்ளியில் எட்டு வருடம் கட்டாயமாகப் படித்ததில் ஒரு வார்த்தைகூட ஞாபகமில்லை என்று சொல்லிக்கொள்வது அவர் வயதுக்காரர்களுக்கு ஒரு பெருமை. அவரும் முப்பது வருடமாக அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார். இப்போது தங்குதடையின்றி வந்தது.

"டாக்டர், கெஞ்சிக் கேக்குறேன். ஓடுங்க."

"யாரைப் பாத்து? உங்களைப் பாத்தா?"

"என் வேலை போயிடும்."

"உங்க வாக்கு போயிடுச்சே." ரோதியோன் குரலை உயர்த்தவில்லை. "அந்தாள நிறுத்துங்க. உடனே ஓடுறோம்."

"முடியாது. அவர் நகரத் தலைவர்."

இதை ரோதியோனுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. அவர் ஊரிலும் தலைவர்கள் உண்டு. சற்று நேரம் அவர் போகுமிலின் பற்களையே பார்த்தார்.

"டைரக்டருக்கு ரஷ்ய பாஷை பிரமாதமா வருதுடோய்" என்று காலடியில் ஒரு பிணம் இன்னொரு பிணத்திடம் கிசுகிசுத்தது. போகுமில் குனிந்து பார்த்தார். வரிசை வரிசையாக ஆரோக்கியமான பிணங்கள். வெயிலில் வியர்த்துக்கொண்டு, ஒரு கண்ணை மட்டும் திறந்துகொண்டு.

"இவங்க எழுந்து வந்தா?" என்றார். "ஓடுவீங்களா?"

ரோதியோன் யோசித்தார். பக்கத்திலிருந்தவர் அவர் காதில் ஏதோ சொன்னார்.

"செத்தவன் எழுந்து வந்தா ஓடுறதுல மானக்கேடு இல்ல. யாரா இருந்தாலும் ஓடுவான்." பிறகு மெல்லச் சொன்னார்: "உயிரோட இருக்கிற ஒரே ஒருத்தர நிறுத்த முடியல. செத்தவங்க அத்தனை பேரையும் எழுப்ப முடியுதா? முயற்சி பண்ணுங்க."

போகுமில் செவெரின் பக்கத்தில் முழங்காலிட்டார். தூரத்திலிருந்து பார்ப்பவர்களுக்கு அவர் அழுவதுபோல் இருந்திருக்கும்.

"எழுந்திருங்க."

"என்ன சார் பேசறீங்க? நெஞ்சுல குண்டு வாங்கியிருக்கேன். என் பொண்டாட்டி அழுதுட்டா. கல்யாணமாகி இருபது வருஷத்துல முதல் தடவையா எனக்காக அழுதிருக்கா. இப்ப எழுந்தா என்ன மரியாதை?"

"படுத்தே இருங்க. ஒல்ஷினெக்ல ரஷ்யன் ஜெயிச்சான்னு சாயங்காலம் டிவியில வரும். நீங்க கிடக்கிறதையும் காட்டுவாங்க."

செவெரின் இரண்டு கண்ணையும் திறந்தார். கூட்டத்தைப் பார்த்தார், ரஷ்யர்களைப் பார்த்தார். பிறகு நெஞ்சில் கைவைத்தபடி, மிக மெதுவாக, வாளை ஊன்றி எழுந்தார். சாவைவிட நன்றாகவே செய்தார். அடுத்து கிடந்தவர் அவரைப் பார்த்து எழுந்தார். அப்புறம் அந்தப் பக்கம் மூன்று பேர். ஒருவரும் பேசவில்லை. முகத்தில் மண்ணும் சாயமும் அப்பியிருக்க, ஒருவர்பின் ஒருவராக எழுந்து அடிமேல் அடி வைத்து முன்னேறினார்கள்.

கன்னியாஸ்திரிகள் சிலுவைக் குறி இட்டார்கள். மைக்கில் சத்தமே இல்லை. போகுமில் ரஷ்யர்களைப் பார்த்தார். அவர்கள் இன்னும் நகரவில்லை. இருபது அடி. பதினைந்து. ரோதியோன் அசையவே இல்லை. ஏமாற்றிவிட்டான் என்று போகுமில் நினைத்தார். முதலிலிருந்தே அந்த ஆள் நம்மை அவமானப்படுத்தத்தான் வந்திருக்கிறான், ஊரில் எல்லாரும் சொன்னார்களே, நான்தான் கேட்கவில்லை.

அப்போது ரோதியோனின் வாய் திறந்தது. துப்பாக்கி கையிலிருந்து நழுவியது. அவர் ஓர் அடி பின்வைத்தார், இன்னோர் அடி வைத்தார், பிறகு திரும்பி ஓடினார். பன்னிரண்டு பேரும் ஓடினார்கள். ஒருவர் இடறி விழுந்து, ஒரு பூட்ஸை விட்டுவிட்டு, கைகளால் தவழ்ந்து மரங்களுக்குள் மறைந்தார். ஒருவரும் சிரிக்கவில்லை. எங்கோ ஒரு பெண் விசும்பினாள், அதன் பிறகு கைதட்டல் குன்றையே அதிரவைத்தது.

பட்டாணி சூப் விநியோகம் நடந்துகொண்டிருந்தபோது போகுமில் ரஷ்யர்களின் பஸ்ஸுக்குப் போனார். ஏற்கெனவே என்ஜினைக் கிளப்பியிருந்தார்கள்.

"சூப்பாவது குடிச்சிட்டுப் போகலாமே, டாக்டர்."

"வேண்டாம்." ரோதியோன் படியில் நின்றபடி சட்டையின் சிவப்பு நட்சத்திரத்தைக் கழற்றினார். "அடுத்த வருஷமும் அவர்தான் மைக்கா?"

"ஆமா."

"அப்ப நாங்க வரமாட்டோம். ஏன்னு அவர்கிட்ட சொல்லிடுங்க. உங்ககிட்ட நான் கேக்குறது அது ஒண்ணுதான்."

"சொல்றேன்."

திரும்பி வந்தபோது வால்தெமார் சூப் கிண்ணத்தோடு துணை ஆளுநரின் பக்கத்தில் நின்றிருந்தார். போகுமிலைத் தோளில் தட்டினார். "ஐயா சொல்றார், இப்படி ஒரு காட்சிய அவர் பார்த்ததே இல்லையாம். செத்தவங்க எழுந்திருக்கிறது என்னோட யோசனைதான்னு சொல்லிக்கிட்டிருந்தேன். செப்டம்பர்லயும் நீதான்யா. அடுத்த வருஷம் ஐம்பது ரஷ்யன் வேணும்!"

"அவங்க இனிமே வரமாட்டாங்களாம், தலைவரே."

"வரமாட்டாங்களா? ஏன்?"

துணை ஆளுநரும் கரண்டியை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். போகுமில் வாயைத் திறந்தார். பஸ் மைதானத்தின் ஓரமாகத் திரும்பி, புழுதி கிளப்பி, சாலையில் ஏறியது.

"ரஷ்யங்கதானே" என்றார். "நன்றி கெட்ட ஜனம்."

"நான்தான் சொன்னேனே!" என்றார் வால்தெமார். துணை ஆளுநர் தலையசைத்தார். அவருக்கு இது புதிய செய்தி அல்ல.