ஹோவாங் சாவில் இறக்கிய கொடி

சீனர்களின் ரோந்துக் கப்பல் வந்தபோது கியேம் கடலுக்கடியில் கடலட்டை பொறுக்கிக்கொண்டிருந்தான். அவன் வாயில் கவ்வியிருந்த ரப்பர் குழாயின் மறுமுனை எங்கள் படகில், காற்றடிக்கும் இயந்திரத்தில் இருந்தது. அந்தக் குழாயைப் பிடித்து விட்டுக்கொடுப்பது என் வேலை.

வேறு நாளாக இருந்தால் நங்கூரத்தை அறுத்துவிட்டு ஓடியிருப்போம். படகை நடத்தும் தண்டல் தொவாய் இயந்திரத்தை முடுக்கவில்லை. கீழே இருப்பவன் அவர் மனைவியின் தம்பி. குழாயை வெடுக்கென்று இழுத்து அவனுக்குச் சைகை கொடுத்தேன். ஆனால் அத்தனை ஆழத்திலிருந்து நின்று நின்றுதான் ஏறிவர முடியும். ஒரே மூச்சில் ஏறியவர்கள் எங்கள் லீ சோன் தீவில் தெருவுக்கு ஒருவர் கிடக்கிறார்கள், இடுப்புக்குக் கீழே உயிரில்லாமல்.

ஹோவாங் சா தீவுகளும் அவற்றைச் சுற்றிய கடலும் எங்கள் நாட்டுடையவை என்று எங்கள் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். சீனர்களின் பள்ளிக்கூடத்தில் அவர்களுடையவை என்று சொல்லியிருப்பார்கள். மீனுக்குப் போகிற நாங்கள்தான் அடி வாங்கினோம்.

அவர்கள் இரும்புத் தடிகளோடு படகில் ஏறினார்கள். கேள்வியே இல்லை, அடிதான். எங்கள் சமையல்காரரின் காது கிழிந்து தொங்கியது. எல்லோரையும் மண்டியிட வைத்துவிட்டு, திசை காட்டும் கருவியை நொறுக்கினார்கள். பிடித்து வைத்திருந்த அட்டையை எல்லாம் அள்ளினார்கள். அவர்களில் அதிகாரி ஒருவனுக்கு எங்கள் பாஷை கொஞ்சம் தெரிந்திருந்தது.

"இது எங்கள் கடல். கொடி இறக்கு. தண்ணீரில் போடு," என்றான் தொவாயிடம்.

"கீழ ஆள் இருக்கான்யா. என் மச்சினன். அவன் மேல வந்துரட்டும், அப்புறம் என்ன வேணா செஞ்சுக்க."

"கொடி!"

முதுகில் தடி விழுந்தது. தொவாய் அசையவில்லை. அதிகாரி சுற்றுமுற்றும் பார்த்தான். மீன் வெட்டும் எங்கள் கத்தியையே எடுத்து, என் கையிலிருந்த குழாயின் மேல் வைத்தான்.

தொவாய் எழுந்தார். படகறையின் கூரைமேல் ஏறி, கொடியை அவிழ்த்துக் கடலில் எறிந்தார். அவர்கள் கைகொட்டிச் சிரித்தார்கள்.

"போட்டாச்சுல்ல? குழாய விடு," என்றார் தொவாய்.

அதிகாரி வெட்டினான்.

குழாய் சீறிக்கொண்டு என் முகத்தில் அடித்தது. அடுத்த கணம் தொவாய் கூரையிலிருந்து குதித்து, கையில் அகப்பட்ட ஸ்பேனரால் அவன் வாயில் ஓங்கி அடித்தார். பற்கள் தெறித்தன. நாலைந்து பேர் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். அவர் முழங்கை முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. அதற்குள் கியேம் மூக்கில் ரத்தம் வழிய நீரைக் கிழித்துக்கொண்டு மேலே வந்தான். நான் குதித்து அவனைப் பிடித்தேன்.

"லூம், கால் எங்கடா? கால் இருக்கறதே தெரியல எனக்கு!" என்று அலறினான்.

அவர்கள் அதிகாரியைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். போய்விட்டார்கள் என்றுதான் நினைத்தோம். கப்பல் திரும்பி வந்து எங்கள் படகின் நடுவில் மோதியது. பலகைகள் பிளந்து படகு மூழ்கியது. படகோடு கட்டியிருந்த மூங்கில் பரிசலில் கியேமையும் தொவாயையும் கிடத்திவிட்டு, மற்றவர்கள் அதன் விளிம்பைப் பிடித்துத் தொங்கினோம். எங்கள் ஊர்ப் படகு ஒன்று வந்து எங்களை ஏற்றிக்கொண்டது.

ஊரில் எங்கள் அரசாங்க அதிகாரி ஒருவர் புதுக் கொடியும் கண்ணாடிச் சட்டமிட்ட பாராட்டுப் பத்திரமும் கொண்டுவந்தார். கூடவே பத்திரிகைக்காரர்கள். கொடியைக் காக்கக் கையைக் கொடுத்த வீரர் என்று தொவாயைப் புகழ்ந்தார்.

"நான் எங்கய்யா காத்தேன்? நான்தான் கடல்ல எறிஞ்சேன்."

"அண்ணே, இதையெல்லாம் வெளிய சொல்லாதீங்க," என்றார் அந்த அதிகாரி.

"குழாய்ல கத்திய வச்சான், எறிஞ்சேன். பத்து கொடி இருந்திருந்தா பத்தையும் எறிஞ்சிருப்பேன். எழுதிக்கங்க."

யாரும் எழுதவில்லை. பத்திரத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

பாயில் கிடந்த கியேம் வாய் திறந்தான். "அந்தச் சட்டத்தையாவது வாங்கி வச்சிருக்கலாம் மச்சான். கண்ணாடியில மூஞ்சி பாத்து சவரம் பண்ணிருப்பேன்."

தொவாய் சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவர், கட்டுப் போட்ட கையால் முகத்தை மூடிக்கொண்டு தேம்பினார். கியேம் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

அடுத்த பருவத்தில் தொவாய், கை கோணலாகவே கூடியிருக்க, வேறொருவர் படகில் கூலிக்கு ஹோவாங் சா கிளம்பினார். வாசலை மறித்துக்கொண்டு நின்றாள் மனைவி.

"போகாம என்ன செய்ய? தோட்டத்துப் பூண்ட வித்து உன் தம்பிக்கு வைத்தியம் பாத்துருவியா நீ?" என்றார் தொவாய்.

அவள் விலகி வழிவிட்டாள். நானும் அவரோடு போனேன்.